இது ரப்பர் பால் இல்லை அத்தை

ஞாயிறு

தம்பி (முட்டம்), காலை 7:12
அண்ணே, படம் பாருங்கள். தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் மீனைத் தட்டில் ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுத்துவிட்டேன். வால் வரை தெளிவாக விழுந்திருக்கிறது. இன்றைக்கே பிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஊற்றட்டுமா? சாயந்திரம் மணக்குடி பொழியில், ஆறு கடலில் சேருகிற இடத்தில், கொடுவாய் மீனுக்கு வீசிப் பார்க்கலாம்.

நான், 7:20
அச்சு அருமை. ஆனால் இன்றைக்கு வேண்டாம். எப்போது செய்தாய்?

தம்பி, 7:21
நேற்று மதியம். தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது.

குலசேகரம் அத்தை, 7:30
ரப்பர் மீனா? பாலை ஏன் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் மக்களே? நம் தோட்டத்துப் பால் ஒரு கேன் கொடுத்து விடுகிறேன்.

நான், 7:38
பெயர்தான் ரப்பர் மீன் அத்தை, இது ரப்பர் பால் இல்லை. உங்கள் பால் ஆசிட் விட்டால் உறையும், இது சூட்டில்தான் உறையும். பி.வி.சி. தூளை எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தில் கலந்து, பிளாஸ்டிசால் என்று விற்கிறார்கள். பார்க்க இதுவும் வெள்ளைவெளேரென்று பால் போலத்தான் இருக்கும். சூடு ஏறும்போது முதலில் களி மாதிரி கட்டியாகும். கெட்டுப்போனது என்று நினைத்து அங்கே நிறுத்திவிடக் கூடாது. கிளறிக்கொண்டே இருந்தால் 170, 180 டிகிரி பக்கம் மறுபடி இளகி, தேன் போலத் தெளியும். அதுதான் பக்குவம். அதையும் தாண்டினால் மஞ்சளாகிக் கருகும். அந்தப் புகையில் அமில வாயு உண்டு, நெஞ்சைப் பிடிக்கும்.

முட்டம் சித்தி, 7:41
இதை என் அடுப்பங்கரையிலா காய்ச்சப் போகிறான்?

நான், 7:44
கூடாது சித்தி. வெளி முற்றத்தில், கரண்ட் அடுப்பில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று. பாத்திரமும் கரண்டியும் தனி, அவை திரும்பச் சமையலுக்கு வரவே கூடாது.

தம்பி, 7:46
சரி அண்ணே. அச்சு காயாவிட்டால் என்ன ஆகும்?

நான், 7:55
போன ஆனியில் நானும் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன். வெளியே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். ஊற்றிய நொடியே படபடவென்று தெறித்தது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். கொதிக்கும் எண்ணெயாவது வழிந்து ஓடும், இது தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டது. பிய்க்காமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையை வைத்திருந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால்?

அச்சைத் தினமும் தராசில் வை. எடை குறைகிற வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது. இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. அப்புறம் ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு இளக்கி மெல்லிசாகப் பூசு. அதுவும் நன்றாகக் காய வேண்டும்.

தம்பி, 8:02
புத்தளம் உப்பு பொடித்து வைத்திருக்கிறேன், மீனுக்குப் பாரம் ஏறக் கலவையில் சேர்க்க.

நான், 8:05
அதையும் வறுத்து ஈரம் போக்கு. பிய்ந்த பழைய மீன்களைப் பொழியில் எறியாதே, உருக்கி மறுபடி வார்க்கலாம். ரொம்ப இழுபடுகிற வகை மட்டும் வேறு பிளாஸ்டிக், அதைச் சேர்க்காதே. ஒரே பையில் கிடந்தாலே இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும்.

குலசேகரம் அத்தை, 8:09
கண்ணாடி போட்டுக்கொண்டு செய் மக்களே. முழுக்கைச் சட்டையும்.

திங்கள்

தம்பி, 7:05
412 கிராம். நேற்று 431.

வியாழன்

தம்பி, 7:03
388. சாரல் விடவில்லை, அம்மா வீட்டுக்குள் ஃபேன் அடியில் வைத்திருக்கிறார்கள்.

சனி

தம்பி, 7:01
379.

ஞாயிறு

தம்பி, 6:58
379!

நான், 7:00
எதற்கும் இன்னொரு நாள் பார்ப்போம், நாளைக்கும் அதே எடை என்றால் ஃபெவிகால் பூசு. அடுத்த சனிக்கிழமை வருகிறேன். நான் வராமல் அடுப்பைப் போடாதே.