'படிகமிலி' என்று சொல்லலாமே

வணக்கம்.

அமார்ஃபஸ் உலோகக்கலவை, அதாவது அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ளாத உலோகக்கலவை, அதற்குத் தமிழில் 'உருவற்ற', 'உலோகக் கண்ணாடி', 'ஒழுங்கற்ற' என்று சொல்லப்படுவதைப் பற்றி எழுதுகிறேன். 'உருவற்ற உலோகக்கலவை' வேண்டாம் என்பது என் கருத்து. மின்மாற்றி உள்ளகத்துக்குச் சுற்றுகிற இரும்பு-சிலிக்கான்-போரான் நாடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர் தடிமன், பளபளப்பு, வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். இப்படிக் கண்ணெதிரே கிடக்கிற பொருளை உருவற்றது என்றால் படிக்கிறவர் குழம்பத்தானே செய்வார்?

'உலோகக் கண்ணாடி' பரவாயில்லை. ஆனால் உருகலைக் குளிரவைத்துக் கிடைப்பதற்குத்தான் அது பொருந்தும். ஆவியிலிருந்து படியவைத்த படலமும் அமார்ஃபஸ்தான், அதற்கு வேறு சொல் தேட வேண்டிவரும்.

என் பெரிய மறுப்பு 'ஒழுங்கற்ற' என்பதன் மேல். 1960-இல் போல் டுவெஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் தங்கம்-சிலிக்கான் உருகலை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் குளிரவைத்தார்கள். அணுக்களுக்குப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லை. அதற்காக அவை கண்டபடி சிதறிக் கிடக்கின்றன என்று பொருளில்லை. ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்து அணு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பது ஓரளவு நிலையானதுதான். எக்ஸ் கதிர்ச் சிதறலில் படிகத்தின் கூரிய கோடுகள் இருக்காது, அகன்ற மேடு ஒன்று இருக்கும். மிச்சமுள்ள ஒழுங்கின் அடையாளம் அந்த மேடு.

எலக்ட்ரான்களுக்கு அந்த மேடுதான் முக்கியம். 1975-இல் இயற்பியலாளர்கள் நேகலும் டௌட்ஸும் சொன்ன விளக்கம் இது: ஃபெர்மி அலை எண்ணின் (மிக உயர்ந்த ஆற்றலில் இருக்கும் எலக்ட்ரான்களின் அலை எண்) இரு மடங்கு அந்த மேட்டின் உச்சி இருக்கும் இடத்தோடு ஒத்துப்போனால், ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் மேல்விளிம்பில்) எலக்ட்ரான் நிலைகளின் அடர்த்தி, அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய இடங்களின் எண்ணிக்கை, குறைகிறது, ஆற்றல் இறங்குகிறது, கலவை படிகமாகாமல் தாக்குப்பிடிக்கிறது. எல்லாக் கலவைக்கும் இது பொருந்தாது, குறிப்பாக இடைநிலைத் தனிமங்கள் (இரும்பு, நிக்கல் போன்றவை) நிறைந்தவற்றில் சிக்கல் உண்டு. ஆனாலும் நிலைத்தன்மைக்குக் காரணமாகக் காட்டப்படுவதே ஓர் ஒழுங்கு. இவற்றில் பல, சூடேற்றும்போது மின்தடை சற்றுக் குறைகிற வகை. வழக்கமான உலோகத்துக்கு நேர்மாறான இந்தக் குணத்தை விளக்கவும் அதே மேட்டைத்தான் துணைக்கு அழைக்கிறோம். அப்புறம் 'ஒழுங்கற்ற' என்று எப்படிப் பெயர் வைப்பது?

அதனால்தான் 'படிகமிலி'. முதுகெலும்பிலி என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம். எது இல்லையோ அதை மட்டும் சொல்லி நின்றுகொள்கிற சொல் அது. படிகமிலி உலோகக்கலவை, படிகமிலிப் படலம், படிகமிலி நிலை என்று எளிதாக நீளும். சூடேறும்போது நடப்பதை 'படிகமாதல்' என்றால் இரண்டும் இணையாக நிற்கும். வளைந்துகொடுத்த நாடா படிகமானபின் சருகு போல் ஒடிவதை விளக்க, இந்தச் சோடி நன்றாக உதவும்.

இன்னொன்று. ஃபெர்மி மட்டத்தில் அடர்த்தி குறைவதை 'போலி இடைவெளி' என்று எழுதுகிறோம். அங்கே இடைவெளியே இல்லை, எலக்ட்ரான் நிலைகள் குறைந்தாலும் இருக்கத்தான் செய்கின்றன. 'அடர்த்திப் பள்ளம்' என்று மாற்றலாமா?