வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்: ஹண்டரை நகர்த்த வசதியான கீ அமைப்பு வேண்டும், நடுநடுவே எழுத்துக் கீகள் வேலையும் செய்வதில்லை

கானவேட்டை:

வணக்கம் நண்பர்களே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் விளையாட்டில் ஹண்டர், அதாவது அம்பு விடும் வேட்டைக்காரன், அதிலும் வளர்ப்பு விலங்கோடு சண்டையிடும் பீஸ்ட் மாஸ்டரி வகை விளையாடுகிறேன். புதியவர்கள் தொடங்கும் எக்சைல்ஸ் ரீச் தீவை முடித்து ஸ்டார்ம்விண்ட் நகரத்துக்கு வந்தாகிவிட்டது. தனியாகச் சுற்றும்போது ஒரு தொந்தரவும் இல்லை. நாலு பேரோடு டஞ்ஜனுக்குள், அதாவது குழுவாகப் போய்ச் சண்டையிடும் இடத்துக்குள் போனால்தான் கை தடுமாறுகிறது.

நடப்பதற்கான கீகள் விளையாட்டு கொடுத்தபடியேதான் இருக்கின்றன. 'டபிள்யூ' முன்னால், 'எஸ்' பின்னால், 'ஏ' இடப்பக்கம் திரும்ப, 'டி' வலப்பக்கம் திரும்ப. தரையில் நெருப்பு வட்டம் வந்தால் 'எஸ்' அழுத்திப் பின்வாங்குகிறேன், வெளியே வருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. சரி, திரும்பி ஓடலாம் என்று 'ஏ' அழுத்தினால் மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி திரும்புகிறது. நடுவில் 4, 5 அழுத்த விரலை நீட்டினால் நடை நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. மும்முரமான சண்டையில் சில சமயம் எழுத்துக் கீகள் எதுவுமே வேலை செய்வதில்லை. 'டபிள்யூ'வை எவ்வளவு அழுத்தினாலும் ஆள் நகர்வதில்லை. மவுஸ் நன்றாக ஓடுகிறது, எண் கீகளும் அம்பு விடுகின்றன. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். லேப்டாப்தான், கீபோர்டு அதிலேயே உள்ளது, மவுஸ் மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11. ஷிஃப்ட்டோடும் ஆல்ட்டோடும் சேர்த்துச் சில திறன்களைப் போட்டிருக்கிறேன்.

என்னோடு வருகிறவர்கள் பொறுமையாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் என்னைத் தூக்கி எழுப்ப வேண்டியிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உதவுங்கள்.

பனிவில்:

வாங்க. நானும் ஹண்டர்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கையில் குறை இல்லை, விளையாட்டின் கணக்கே அப்படி. சாதாரணமாக ஓடும் வேகம் நொடிக்கு 7 கெஜம். 'எஸ்' அழுத்திப் பின்னால் போனால் 4.5 கெஜம்தான். ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால், அதாவது ஸ்ட்ரேஃப் செய்தால், அதே 7 கெஜம் முழுசாகக் கிடைக்கும். கீயை அழுத்தித் திரும்பும் வேகமும் நொடிக்கு 180 பாகை என்று கட்டிப் போடப்பட்டிருக்கிறது. முதுகுப் பக்கம் திரும்ப ஒரு முழு நொடி ஆகும். மவுஸில் திரும்புவதற்கு அந்தக் கட்டு கிடையாது, மணிக்கட்டை ஒரு இழுப்பு இழுத்தால் ஆள் மறுபக்கம் பார்த்து நிற்பார்.

அதனால் திரும்புகிற வேலையை முழுக்க வலது கையிடம் கொடுத்துவிடுங்கள். இடது கை நகர்வதற்கும் திறன்களுக்கும் மட்டும்.

முதலில் மவுஸின் இரண்டு பட்டனுக்கும் உள்ள வித்தியாசம் பழக வேண்டும். வலது பட்டனைப் பிடித்துக்கொண்டு மவுஸை அசைத்தால் கேமராவோடு சேர்ந்து ஆளும் திரும்புவார். இடது பட்டனைப் பிடித்தால் கேமரா மட்டும் சுற்றும், ஆள் போகிற திசையிலேயே போவார். பின்னால் யார் துரத்துகிறார்கள் என்று ஓட்டத்தை விடாமல் பார்க்க இது உதவும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன்னால் ஓடுவார், 'டபிள்யூ' கூடத் தேவையில்லை, அந்த நேரத்தில் இடது கை முழுக்க ஓய்வாக இருக்கும்.

அப்புறம் எஸ்கேப் அழுத்தி ஆப்ஷன்ஸ் போய், கீபைண்டிங்ஸில் மூவ்மெண்ட் கீஸ் பகுதியைத் திறங்கள். ஸ்ட்ரேஃப் லெஃப்ட் என்பதற்கு 'ஏ', ஸ்ட்ரேஃப் ரைட் என்பதற்கு 'டி' கொடுங்கள். பழைய வேலைக்கு அந்தக் கீ இனி இல்லை என்று ஒரு எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியதே அதுதான். ஒரு கையில் சாப்பாடு இருக்கும்போது திரும்ப வேண்டுமே என்றால் அம்புக்குறிக் கீகள் அதற்கு ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள்.

வலது பட்டனைப் பிடித்திருக்கும்போது 'ஏ'யும் 'டி'யும் விளையாட்டிலேயே ஸ்ட்ரேஃபாக மாறிவிடும், பிறகு எதற்கு மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். மாற்றினால்தான் 'க்யூ'வும் 'ஈ'யும் காலியாகும். விரல் நகராமலே எட்டுகிற இரண்டு இடங்கள் அவை. இப்போது அவை ஸ்ட்ரேஃபுக்கு வீணாகின்றன. அடிக்கடி அழுத்தும் திறன்களில் 'க்யூ'வில் கில் கமாண்ட், 'ஈ'யில் பார்ப்டு ஷாட் போடுங்கள், எண் வரிசைக்கு விரல் நீட்டுகிற வேலை பெரும்பாலும் போய்விடும். 'ஆர்', 'எஃப்', 'ஜி', 'ஸி', 'வி' எல்லாம்கூடத் திறன்களுக்கு நல்ல இடங்கள். 4, 5 இரண்டையும் அவசரமில்லாதவற்றுக்கு வையுங்கள், 6க்கு மேல் ஓடிக்கொண்டே அழுத்த முடியாது.

'எஸ்'ஸை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழக்க தோஷத்தில் கை அங்கே போய்விடும் என்பதால் அதை நடையிலிருந்தே எடுத்துவிட்டுத் திறனுக்குக் கொடுப்பவர்கள் நிறைய. என் யோசனையும் அதுதான். அரக்கனைத் தாங்கி நிற்கும் டேங்க் அவனை அரை அடி நகர்த்தப் பின்நடை தேவைப்படலாம், ஹண்டருக்கு அந்த அவசியம் வருவதே அபூர்வம்.

பழகுவதற்கு டஞ்ஜன் வேண்டாம். ஸ்டார்ம்விண்டில் பயிற்சி பொம்மைகள் நிற்கின்றன. ஒன்றைக் குறிவைத்து 'டி'யைப் பிடித்துக்கொண்டே மவுஸை இடப்பக்கம் மெல்ல இழுங்கள். பொம்மையைப் பார்த்தபடியே அதைச் சுற்றி வருவீர்கள். வட்டம் கோணலில்லாமல் வரும்வரை அம்பு விட வேண்டாம், வந்தபின் ஒவ்வொரு திறனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே கேரக்டர் ஸ்பெசிஃபிக் கீபைண்டிங்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் இந்த மாற்றம் ஹண்டருக்கு மட்டும் பொருந்தும். நடக்கிற கீகளை எல்லா ஆட்களுக்கும் ஒன்றாக வைப்பதே நல்லது, கைக்கு ஒரே பழக்கம் போதும்.

இரண்டாவது சிக்கல் எனக்குப் பிடிபடவில்லை. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

தேர்வடம்:

இரண்டாவதைப் பற்றி ஒரு கேள்வி. அந்த லேப்டாப்பில் தமிழ் தட்டச்சு வைத்திருக்கிறீர்களா?

கானவேட்டை:

ஆமாம், தமிழ்99. வேலைக்குத் தினமும் வேண்டும். ஆனால் விளையாடும்போது அதைத் தொடுவதே இல்லையே?

தேர்வடம்:

நீங்கள் நினைத்துத் தொடவில்லை, விரல் தொடுகிறது. விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து அழுந்தினால் தட்டச்சு மொழி மாறும், அது அவர்கள் முதலிலிருந்தே வைத்திருக்கும் குறுக்குவழி. நீங்கள் ஷிஃப்ட் திறன் ஒன்றை அழுத்தி, உடனே ஆல்ட் திறனுக்குப் போகும்போது ஒரு கணம் இரண்டும் சேர்ந்து அழுந்துகின்றன. மொழி தமிழுக்குப் போய்விடுகிறது. பிறகு இன்னொரு தடவை அதேபோல் அழுந்தும்போது திரும்ப ஆங்கிலம். தானாகச் சரியாகிறது என்று நீங்கள் சொன்னது இதனால்தான் இருக்க வேண்டும்.

எழுத்துக் கீகள் போய் எண் கீகள் மட்டும் உயிரோடு இருந்தன என்றதுமே எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது. தமிழ்99இல் எழுத்துகள் மாறும், எண்கள் மாறாது. 'டபிள்யூ'வுக்குக் காத்திருக்கும் விளையாட்டுக்கு வேறு ஏதோ எழுத்து போய்ச் சேர்ந்தால் அது என்ன செய்யும்?

உறுதி செய்ய, அடுத்த முறை கீ நின்றதும் என்டர் தட்டி அரட்டைப் பெட்டியில் எதையாவது அடித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்து வராமல் தமிழோ வெறும் கட்டங்களோ வந்தால் இதுதான் காரணம்.

தமிழ்99ஐ நீக்க வேண்டாம். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் போங்கள். அங்கே இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் திறந்து, மொழி மாற்றும் வரிசையை நாட் அசைன்டு என்று வைத்துவிடுங்கள். வேலை நேரத்தில் மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் இருக்கின்றன, அவை அப்படியே வேலை செய்யும். அதே பக்கத்தில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனித் தட்டச்சு முறை என்ற தேர்வும் உண்டு. அதையும் டிக் செய்தால் விளையாட்டு ஆங்கிலத்திலும் உங்கள் வேலை தமிழிலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்.

கூடவே ஸ்டிக்கி கீஸையும் அணைத்துவிடுங்கள். ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் சண்டை நடுவில் ஒரு பெட்டி முளைத்து விளையாட்டை மறைக்கும். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதில் கீபோர்டு.

மழைத்தாள்:

பனிவில் சொன்னது பெரும்பாலோருக்குச் சரி. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் இரண்டு கையும் அவ்வளவு ஒத்துழைக்காதவர்களும் இருப்பார்கள். எனக்கு இடது மணிக்கட்டில் வலி உண்டு, 'டபிள்யூ'வை நீண்ட நேரம் பிடித்து வைக்க முடியாது. அவர்களுக்காகச் சில வரிகள்.

ஆட்டோரன் என்று ஒன்று உண்டு, ஒரு தட்டில் ஓட ஆரம்பித்து அடுத்த தட்டில் நிற்கும். நம்பர் லாக் (Num Lock) கீயில் அது முதலிலேயே இருக்கிறது. சின்ன லேப்டாப்பில் அந்தக் கீ இருக்காது, அதனால் மவுஸின் பக்கப் பட்டனில் வையுங்கள். ஊர் விட்டு ஊர் போகும்போது இது பெரிய ஆறுதல்.

கிளிக் டு மூவ் என்ற வசதி ஆப்ஷன்ஸில் கண்ட்ரோல்ஸ் பகுதியில் உண்டு. தரையில் வலது கிளிக் செய்தால் ஆள் அங்கே நடந்து போவார். தனியாகக் குவெஸ்ட் (விளையாட்டு தரும் பணி) செய்ய இது போதும். டஞ்ஜனில் மட்டும் கவனம், அவசரத்தில் கிளிக் கொஞ்சம் தள்ளி விழுந்தால் நெருப்புக்குள்ளேயே போய் நிற்பீர்கள். அக்சசிபிலிட்டி பகுதியில் மூவ் பேட் என்பதை இயக்கினால் திரையிலேயே அம்புக்குறிப் பட்டன்கள் வரும், மவுஸால் அழுத்தியே நடக்கலாம். வேகம் குறைவுதான், ஆனால் ஒரு கையால் விளையாட நினைப்பவருக்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது.

2022இல் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கம் வந்தபோது சேர்த்த இன்டராக்ட் கீயையும் கண்ட்ரோல்ஸில் இயக்கிக்கொள்ளுங்கள். எதிரில் நிற்பவரிடம் பேச, விழுந்த பொருளை எடுக்க, பூப்பறிக்க எல்லாவற்றுக்கும் ஒரே கீ. மவுஸால் துல்லியமாகக் குறிபார்த்துச் சொடுக்குகிற வேலை பாதிக்குப் பாதி குறைந்துவிடும்.

கானவேட்டை:

தேர்வடம், நீங்கள் சொன்னதேதான்! கீ நின்றதும் என்டர் தட்டி அடித்தேன், ஆங்கில எழுத்து ஒன்றுகூட வரவில்லை. நாட் அசைன்டு வைத்த பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை. இதற்காகப் புதுக் கீபோர்டு வாங்கலாமா என்று விலைகூடப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

பனிவில், 'ஏ' 'டி' இரண்டையும் மாற்றிவிட்டேன், 'எஸ்'ஸில் இப்போது வளர்ப்பு விலங்கைக் குணப்படுத்தும் மெண்ட் பெட். பொம்மையைச் சுற்றுவது ஓரளவு வருகிறது. ஆனால் மவுஸை இழுக்கும்போது காட்சி மிக வேகமாகச் சுழன்று தலை சுற்றுகிறது. அப்புறம் இன்னொன்று, துரத்துகிறவனிடமிருந்து விலகி ஓடிக்கொண்டே அவன்மேல் அம்பு விடுவது எப்படி? முதுகைக் காட்டி ஓடினால் குறி எதிரில் இல்லை என்கிறது.

பனிவில்:

தலைசுற்றலுக்குக் கண்ட்ரோல்ஸில் மவுஸ் லுக் ஸ்பீடைக் குறையுங்கள், கேமரா தூரத்தை முழுக்கப் பின்னால் தள்ளுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் அக்சசிபிலிட்டியில் மோஷன் சிக்னஸுக்கென்றே தேர்வுகள் இருக்கின்றன.

ஓடிக்கொண்டே சுடுவதுதான் ஹண்டருக்கே உரிய அழகு, இதைக் கேட்டது எனக்குச் சந்தோஷம். குறி உங்கள் முன்பக்கம் இருந்தால்தான் அம்பு போகும். ஆனால் தாவும்போது காற்றில் இருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் உடல் பழைய திசையிலேயே பறக்கும். அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

வலது பட்டனையும் 'டபிள்யூ'வையும் பிடித்து விலகி ஓடுங்கள். ஸ்பேஸ்பார் தட்டித் தாவுங்கள். காற்றில் இருக்கும்போதே மவுஸை இழுத்து அவனைப் பாருங்கள், ஒரு திறனை அழுத்துங்கள், தரையைத் தொடுவதற்குள் மவுஸைத் திருப்பி ஓட்டத் திசைக்கு வந்துவிடுங்கள். வேகம் குறையாது, அம்பும் போயிருக்கும். பீஸ்ட் மாஸ்டரியில் கில் கமாண்ட், பார்ப்டு ஷாட், கோப்ரா ஷாட் மூன்றுக்கும் நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால் உங்களுக்கு இது மற்றவர்களைவிட எளிது. ஹண்டரின் இன்னொரு வகையான மார்க்ஸ்மேன்ஷிப்பில் எய்ம்டு ஷாட்டுக்கு நின்றே ஆக வேண்டும். ஆரம்பத்தில் திருப்பம் பாதியில் நின்றுவிடும். முதலில் அம்பில்லாமல் தாவி, திரும்பி, மறுபடி திரும்புவதை மட்டும் பழகுங்கள்.

பின்னால் தாவும் டிஸ்எங்கேஜ் திறனும் இதே சூத்திரம்தான். முகம் எந்தப் பக்கமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் தூக்கி எறியும். நெருப்பு வட்டம் முன்னால் வந்தால் அதைப் பார்த்தபடியே அழுத்தலாம். பாஸை (டஞ்ஜனின் பெரிய எதிரியை) நோக்கி வேகமாகப் போக வேண்டுமா, ஓடும்போது தாவி, முதுகை அவன் பக்கம் திருப்பி அழுத்தி, உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இதைக் கட்டாயம் எட்டுகிற கீயில் வையுங்கள். எனக்கு 'ஸி', கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இரண்டுக்கும் எட்டும்.

இரவுக்காவல்:

கீ அமைப்பையே புதிதாகப் பழகுகிற நேரம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மொத்த நடையையும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்தி 'ஈ', 'எஸ்', 'டி', 'எஃப்' என்று வைப்பவர்கள் உண்டு. சுண்டுவிரல் பக்கம் 'ஏ', 'க்யூ', 'டபிள்யூ', 'இசட்' என்று கூடுதல் கீகள் கிடைக்கும், ஆள்காட்டி விரலும் 'எஃப்' கீயின் மேடு மேலேயே இருக்கும். தட்டச்சு முறையாகப் பழகிய கைக்கு இது ரொம்பப் பிடிக்கும். குறை என்னவென்றால் ஷிஃப்ட்டும் கண்ட்ரோலும் கொஞ்சம் தூரமாகிவிடும். சுண்டுவிரல் சின்னதாக இருந்தால் பனிவில் சொன்னதே நல்லது.

கானவேட்டை:

ஷிஃப்ட்டை நிறைய வைத்திருப்பதால் 'டபிள்யூ'விலேயே இருந்துகொள்கிறேன். டிஸ்எங்கேஜ் 'ஸி'க்குப் போய்விட்டது. நேற்று டெட்மைன்ஸ் டஞ்ஜனுக்குப் போனோம், யாரும் என்னை எழுப்ப வேண்டி வரவில்லை. தாவித் திரும்பிச் சுடுவது இன்னும் பாதிதான் வருகிறது, பொம்மைப் பக்கம் பழகிக்கொண்டிருக்கிறேன். மழைத்தாள், இன்டராக்ட் கீயை 'எஃப்'பில் வைத்தேன், மூலிகை பறிக்க அவ்வளவு சுகமாக இருக்கிறது.

மழைத்தாள்:

நல்லது. கண்ட்ரோல்ஸில் ஆட்டோ லூட்டையும் டிக் செய்துவிடுங்கள், அதே 'எஃப்' தட்டில் பொருளெல்லாம் நேராகப் பைக்குள் போய்விடும்.