புத்தக அலமாரி வளைஞ்சு போச்சு – மலிவா என்ன வாங்கலாம்? (அவசரம்)

கூடல்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல புத்தகம் நிறைய. இருக்கிற ரெடிமேட் அலமாரியில தட்டெல்லாம் நடுவுல தொங்குது. ஒரு தட்டைத் தாங்குற சின்ன ஆணி மாதிரி பின் கழண்டு, தட்டு கீழ்த்தட்டு மேலயே உட்கார்ந்துடுச்சு. அடுத்து வாங்குறதும் இப்படி ஆகக்கூடாது, செலவும் கம்மியா இருக்கணும். இரும்பா, மரமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஓட்டைஆங்கிள்:
இரும்புதான், யோசிக்கவே வேணாம். மளிகைக் கடையில சரக்கு அடுக்குவாங்களே, அந்த ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக். வரிசையா ஓட்டை போட்ட எல் வடிவ இரும்புக் கால்தான் ஆங்கிள், அதுல தட்டை போல்ட் போட்டு முடுக்குவாங்க. 7 அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி ஆழம்னு தெளிவாச் சொல்லிக் கேளுங்க. ஆழத்தைச் சொல்லாம விட்டா 15 இல்லன்னா 18 இஞ்ச் ரேக்கைத் தலையில கட்டிடுவாங்க. அது அட்டைப்பெட்டி அடுக்க. ஆங்கிள் 14 கேஜ், தட்டு 20 கேஜ். கேஜ் நம்பர் ஏற ஏற தகடு மெலிசாகும், அதை மறந்துடாதீங்க.

மொட்டைமாடி:
"நிறைய"ன்னா எவ்வளவுங்க? 300ஆ, 3000ஆ? சொந்த வீடா, வாடகையா? எந்த மாடி? எவ்வளவு நீளச் சுவர் காலியா இருக்கு? எந்த ஊர்? இது எதுவுமே தெரியாம இரும்பு, மரம்னு சொல்லி என்ன ஆகப்போகுது?

இழைப்புளி:
இரும்பு ரேக் வெச்சா வீடு குடோன் மாதிரி ஆயிடும். 18 எம்எம் பிளைவுட்டே போதும். உங்க அலமாரி வளைஞ்சதுக்குக் காரணம் புத்தகம் இல்ல, பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினது அது. சுமை ஏறாட்டியும், இருக்கிற சுமையிலேயே மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கும். தட்டைத் திருப்பிப் போட்டா சரியாயிடும்னு சொல்வாங்க, ஆறு மாசத்துல மறுபக்கம் தொங்கும். தட்டோட நீளம் என்ன? 3 அடியா?

பழுப்பேடு:
இந்தக் கேள்வி இங்க எத்தனையாவது தடவைன்னு கணக்கு விட்டுப் போச்சு. தேடுற பெட்டியில "அலமாரி"ன்னு தட்டியிருந்தாலே போதும். ஆனா தேடுறவங்க யாரு.

சரி, சொல்றேன், குறிச்சுக்குங்க. புத்தகத்தை எண்ணாதீங்க, முதுகை அளங்க. தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் டெமி அளவு, எட்டரை இஞ்ச் உயரம், அஞ்சரை இஞ்ச் அகலம். கிரவுன் அளவு அதைவிடச் சின்னது. சராசரி 2 செமீ தடிமன்னு வெச்சா 3 அடித் தட்டுல ஒரு வரிசைக்கு 45 புத்தகம். அஞ்சரை இஞ்ச் அகலப் புத்தகத்துக்கு ஒரு அடி ஆழம்னா பாதி தட்டு காலியாக் கிடக்கும். அதுல என்ன பண்ணப்போறோம்னு யோசிச்சிட்டுக் கடைக்குப் போங்க. போட்டோவாவது போட்டிருக்கலாம்.

கூடல்வாசி:
3000 இருக்கும், கூடக் கொஞ்சம். மதுரை. வாடகை வீடு, 2வது மாடி. தட்டு 3 அடிதான். ஓனர் சுவர்ல ஆணி அடிக்க விடமாட்டார்.

மொட்டைமாடி:
இதை முதல்லயே போட்டிருந்தா பாதி பதில் மிச்சமாகியிருக்கும் :)

கடப்பாக்கல்:
நிரந்தரத் தீர்வு வேணும்னா கடப்பா கல்தான். 20 எம்எம் கல்லு, ரெண்டு பக்கமும் 9 இஞ்ச் சுவர், நடுவுல ரெண்டரை அடிக்கு மேல இடைவெளி போகக்கூடாது. கறையான் அரிக்காது, துரு பிடிக்காது. அதுக்கும் செலவு ஜாஸ்தின்னா ஃபெரோசிமென்ட் ஸ்லாப், அதாவது உள்ளுக்குள்ள கம்பி வலை வெச்ச மெலிசான சிமென்ட் பலகை, ரெடிமேடாவே கிடைக்கும்.

மொட்டைமாடி:
வாடகை வீடுங்க!

கடப்பாக்கல்:
தெரியுது. நாளைக்கு வீடு கட்டுறவங்க யாராவது படிப்பாங்கல்ல. ஒன்னு மட்டும் சொல்லிடறேன்: மரம் வளைஞ்சு முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும், கல்லு சொல்லாம உடையும். உள்ளுக்குள்ள நூல் மாதிரி கீறல் இருக்கான்னு விரலால தட்டிப் பாத்து வாங்குங்க. நல்ல கல்லு கணீர்னு கேக்கும், கீறல் விட்டது மொத்துனு கேக்கும்.

இழைப்புளி:
3 அடி. அப்போ வளையாம என்ன பண்ணும்? ஒரே மாதிரி புத்தகம் அடுக்கின தட்டுல தொய்வு, நீளத்தோட நாலாம் படிக்கு ஏறும். 2 அடித் தட்டு 1 எம்எம் தொங்கினா அதே பலகை 3 அடியில 5 எம்எம் தொங்கும். பார்ட்டிகிள் போர்டுன்னா 2 அடி, 18 எம்எம் பிளைவுட்னா ரெண்டரை அடி, அதோட நிறுத்திக்கணும். முன் விளிம்புக்குக் கீழ ஒன்றரை இஞ்ச் ரீப்பர் (மரச் சட்டம்) ஒன்னைப் பசையும் ஸ்குரூவும் போட்டு நிக்கவெச்சு ஒட்டினா பிளைவுட் 3 அடிக்கும் தாங்கும்.

கணக்கும் போட்டுடறேன். 8க்கு 4 ஷீட்டை ஏழேமுக்கால் இஞ்ச் அகலத்துல நீளவாக்குல அறுத்தா, ரம்பம் தின்னது போக 6 பட்டை, மொத்தம் 48 அடி ஓட்டம். 3000 புத்தகத்துக்கு 60 மீட்டர் தட்டு வேணும், அதுக்கு 5 ஷீட் வெச்சுக்குங்க. நிக்கிற பலகைக்கு 2. ஆக 7 ஷீட். ஒரு வரிசைதான், எடுக்க வைக்க சுகம். ஈரப்பதம் தாங்குற எம்.ஆர். கிரேடு பிளைவுட் போதும், தண்ணி படுற சுவரா இருந்தாதான் தண்ணியையே தாங்குற பி.டபிள்யூ.பி. கிரேடு.

ஓட்டைஆங்கிள்:
7 ஷீட், அறுப்புக் கூலி, ஆசாரி கூலி, அதுக்கு மேல சன்மைக்கா. அவர் "செலவு கம்மி"ன்னு கேட்டாரு அண்ணே. வீடு மாறும்போது இதைக் கழட்டவும் முடியாது. ரேக்கை 13 நம்பர் ஸ்பானர் ஒன்னை வெச்சு ஒரு மணி நேரத்துல பிரிச்சுக் கட்டா கட்டி ஏத்திடலாம். கறையானும் இரும்பைத் தின்னாது.

இழைப்புளி:
இரும்பைத் தின்னாது, இரும்பு மேல ஏறிப்போய் புத்தகத்தைத் தின்னும்.

ஓட்டைஆங்கிள்:
ஏறும்தான். ஆனா ஆங்கிள் கால்ல மண்கோடு போட்டுதான் ஏறணும், கண்ணுக்குத் தெரிஞ்சுடும். துணியால துடைச்சுட்டு மருந்து அடிக்கலாம். பலகைன்னா உள்ளுக்குள்ளயே போயிடும், அழுத்திப் பாத்தாதான் பொக்குனு தெரியும். ரேக்கைச் சுவரை விட்டு ஒரு இஞ்ச் தள்ளி நிறுத்துங்க. கீழ்த்தட்டு தரையிலிருந்து 4 இஞ்ச் மேல இருக்கட்டும், வீடு கழுவுற தண்ணி படாது.

நூல்வேட்டை:
ப்ரோ, ஜாதிக்காய்ப் பெட்டிப் பலகை பழைய கடையில மலிவாக் கிடைக்குமே, அதுல அடிச்சா என்ன?

இழைப்புளி:
வேணாம் தம்பி. உளு விழும், மரத்தைக் குடையுற வண்டு அது. தட்டுக்குக் கீழ மாவு மாவாக் கொட்ட ஆரம்பிச்சா அடுத்தது புத்தக அட்டைதான்.

சிவில்தோழர்:
எல்லாரும் தட்டைப் பத்தியே பேசுறீங்க, தளத்தை யாரும் பாக்கல. 2வது மாடின்னு சொல்லியிருக்கார். குடியிருப்பு அறைக்கு ஐ.எஸ். 875ங்கிற இந்தியக் கட்டடச் சுமை விதியோட இரண்டாம் பகுதிப்படி லைவ் லோடு (ஆள், சாமான் எடை) சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ. நூலகத்துல புத்தகம் அடுக்குற அறைக்கு அதே விதி 6 கேக்குது, அதுவும் 2.2 மீட்டர் உயரம் வரைக்கும்தான். 3000 புத்தகம் சராசரி 350 கிராம்னா ஒரு டன்னுக்கு மேல வரும். எங்க நிறுத்தப்போறார்ங்கிறது முக்கியம்.

பழுப்பேடு:
ஆரம்பிச்சாச்சு. 10க்கு 12 அறைன்னா 11 சதுர மீட்டர். 200ஆல பெருக்குங்க, 2.2 டன். ஒரு டன் எங்க, ரெண்டு டன் எங்க? பீதியைக் கிளப்பாதீங்க சார்.

சிவில்தோழர்:
அறை முழுக்கப் பரப்பினாதான் அந்தக் கணக்கு. 3க்கு 1 ரேக்கோட கால்தடம் 0.28 சதுர மீட்டர். 7 தட்டுல ரெண்டு வரிசை அடுக்கினா புத்தகம் 220 கிலோ, ரேக் ஒரு 28 கிலோ. சதுர மீட்டருக்கு 900 கிலோ பக்கம் போகுது.

பழுப்பேடு:
200 லிட்டர் தண்ணி ட்ரம்முக்கும் அதே கால்தடம்தான், அதே எடைதான். மாடி வீட்டுல ட்ரம் வைக்காதவங்க யாரு? எந்த வீடு இடிஞ்சுச்சு?

சிவில்தோழர்:
ஒரு ட்ரம் வைப்பாங்க. 5 ட்ரம்மை அறை நடுவுல முதுகோட முதுகா வெச்சு வருஷக்கணக்கா விடமாட்டாங்க. இடியும்னு நான் சொல்லல. தளம் நடுவுல தொய்ஞ்சு அடிப்பூச்சுல கீறல் விடும், கீழ் வீட்டுக்காரர் வந்து நிப்பார். சுவரோரமா, கீழ பீம் போற பக்கமா வரிசையா நிறுத்தினா இந்த எடை பிரச்சினையே இல்ல. பால்கனி மாதிரி நீட்டின தளத்துல வேணவே வேணாம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடா (மரக்கட்டை மேல செங்கல் அடுக்கிப் போட்ட தளம்) இருந்தா எந்தப் பக்கம் கட்டை ஓடுதுன்னு பாத்து, கட்டைகளைக் குறுக்கே வெட்டுற மாதிரி ரேக்கை வைக்கணும். ஒரே கட்டை மேல நீளவாக்குல வெச்சா மொத்தச் சுமையும் அது தலையில விழும்.

பழுப்பேடு:
"சுவரோரமா வை"ங்கிறதுக்கு ஒரு ஐ.எஸ். கோடா? அறை நடுவுல யார் அலமாரி வைக்கிறாங்க?

மொட்டைமாடி:
நூலகம் மாதிரி வேணும்னு நடுவுல வைக்கிறவங்க இருக்காங்க. அவர் சொன்னது அவங்களுக்கு. சண்டை போதும், கேட்டவர் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு நிக்கிறார்.

ஓட்டைஆங்கிள்:
சரி, வாங்குற பட்டியல். 60 மீட்டருக்கு 3 அடித் தட்டு 66 வேணும். ஒரு ரேக்குக்கு 7 தட்டு. ஒரு வரிசையா அடுக்கினா 10 ரேக், 30 அடிச் சுவர். ரெண்டு வரிசைன்னா 5 ரேக், 15 அடி. ஒரு அடி ஆழத்துல டெமி ரெண்டு வரிசை சரியா உட்காரும், அஞ்சரையும் அஞ்சரையும் பதினொன்னு. தட்டுக்குத் தட்டு பதினொன்றரை இஞ்ச் விடுங்க, விளிம்பு மடிப்பு போகப் பத்தேகால் கிடைக்கும். மேல்தட்டுக்கு மேல ஆங்கிள் கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும், பெரிய சைஸ் புத்தகம் அங்க.

கடைக்காரர் 20 கேஜ்னு வாயால சொல்வார். நம்பாதீங்க, ஒரு தட்டைத் தராசுல போடச் சொல்லுங்க. 3க்கு 1 தட்டு 20 கேஜ்னா ரெண்டரை கிலோவுக்கு மேல இருக்கும். ரெண்டுக்குக் கீழ போனா அது 24 கேஜ், ரெண்டு வரிசை அடுக்கினா தொங்கிடும். 22 கேஜ் கொடுத்தா அடியில நடுவுல ஒரு ஸ்டிஃப்னர் பட்டை வெச்சு வெல்டு அடிச்சதா கேளுங்க. மூலைக்கு 2 போல்ட், ஒரு ரேக்குக்கு 56. கூட பத்து கேட்டு வாங்கிடுங்க, எப்பவும் குறையும். மேல்தட்டு, கீழ்த்தட்டு மூலைக்கெல்லாம் முக்கோணத் தகடு, நாலு காலுக்கும் பிளாஸ்டிக் ஷூ. ஷூ இல்லன்னா டைல்ஸ் கீறும், ஓனர் அட்வான்ஸ்ல பிடிப்பார்.

கடை காலி பண்றவங்ககிட்ட பழைய ரேக் கிடைச்சா பாதி விலைக்கு மேல கொடுக்காதீங்க. ஓட்டையெல்லாம் ஒரே இடைவெளியான்னு பாருங்க. ரெண்டு கடை சரக்கு கலந்திருந்தா தட்டு ஏறுக்குமாறா நிக்கும்.

ஏட்டுச்சுவடி:
யாரும் சொல்லாத ஒன்னு. போல்ட் தலை உள்பக்கம், நட்டு வெளிப்பக்கம் வரணும். மாத்திப் போட்டா நீட்டிக்கிட்டு இருக்கிற மரை ஓரத்துப் புத்தகத்தோட அட்டையை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கீறும். தட்டு மேல சார்ட் பேப்பர் விரிங்க, நியூஸ்பேப்பர் வேணாம், மை ஒட்டும். பக்கவாட்டு திறந்திருக்கிறதால கடைசி ஏழெட்டுப் புத்தகத்தைப் படுக்கவெச்சு அடுக்கினா அதுவே முட்டு.

பின் வரிசையை 3 இஞ்ச் கட்டை மேல பலகை போட்டு உயர்த்தினா முதுகுத் தலைப்பு தெரியும். ஆனா தட்டு இடைவெளி பதிமூணரை ஆகும், 7 தட்டு 6 ஆயிடும். ராமபாணப் பூச்சி பைண்டிங் பசைக்குத்தான் வரும், பின் வரிசையை அசைக்காம வருஷக்கணக்கா விட்டா அங்கதான் குடியிருக்கும்.

இழைப்புளி:
ரெண்டு வரிசை அடுக்கினா பின் வரிசைப் புத்தகம் இருக்குன்னே மறந்து போய் இன்னொன்னு வாங்குவீங்க. அதுல பிளைவுட் செலவு சரியாப் போயிடும்.

பழுப்பேடு:
இதை மட்டும் நான் வழிமொழியிறேன்.

மொட்டைமாடி:
பழைய அலமாரியையும் தூக்கிப் போட வேணாமே? நடுவுல முட்டு கொடுத்தா ஒரு அடுக்குக்கு ஆகுமா?

இழைப்புளி:
ஆகும். 18 எம்எம் பிளைவுட் துண்டை ரெண்டு தட்டுக்கு நடுவுல இறுக்கமா நிக்கிற உயரத்துக்கு அறுத்து ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல வைக்கணும். மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கணும், ஒன்னு விலகினாலும் கீழ்த்தட்டு உடையும். எல்லாரும் விடுறது அடித்தட்டை. அது தரையைத் தொடாது, அதுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கட்டை செருகலேன்னா மொத்தச் சுமையும் அதைத் தள்ளிக்கிட்டு இறங்கும். பின் கழண்ட ஓட்டையில பழைய பின்னைத் திருப்பிச் சொருகாதீங்க, தூள் உதிர்ந்து பெருசாயிருக்கும். ஒரு இஞ்ச் மேல தள்ளிப் புது ஓட்டை போட்டு, முட்டோட உயரத்தை அதுக்கப்புறம் அளங்க.

கூடல்வாசி:
5 ரேக் வாங்கியாச்சு. தட்டு ரெண்டே முக்கால் கிலோ இருந்துச்சு. நாலு நல்லா இருக்கு, ஒன்னு மட்டும் பக்கவாட்டுல ஆடுது. சுவர்ல அடிக்க முடியாது, என்ன பண்ண? எல்லாருக்கும் நன்றி.

ஓட்டைஆங்கிள்:
முக்கோணத் தகடு போட்டீங்களா? அடுக்கிட்டீங்களா, காலியா இருக்கா? காலின்னா எல்லா போல்ட்டையும் கையால சுத்துற அளவுக்குத் தளர்த்துங்க. ரேக்கைப் படுக்கவெச்சு மூலைக்கு மூலை குறுக்கே டேப் போட்டு ரெண்டு பக்கமும் அளங்க. ரெண்டும் ஒரே அளவு வர்ற வரைக்கும் தட்டி நகர்த்திட்டு அப்புறம்தான் ஸ்பானர். நிக்கவெச்சு ஒவ்வொரு தட்டா முறுக்கிக்கிட்டே போனா கோணலையும் சேர்த்து முறுக்கிடுவோம், அதான் ஆட்டம்.

அப்பவும் ஆடினா பின்பக்கம் நாலரை அடிப் பட்டை ரெண்டை எக்ஸ் மாதிரி அதே ஓட்டையில முடுக்குங்க, 3 அடி உயரத்துக்குப் போட்டாலே போதும். 5 ரேக்கையும் பக்கத்துப் பக்கத்து ஆங்கிளோட மேல, நடுவுல, கீழன்னு மூணு போல்ட் போட்டுச் சேருங்க. மூலையில ஒன்னை எல் மாதிரி திருப்பி முடுக்கினா முன்பக்கம் சாயவும் வழியில்ல.

சிவில்தோழர்:
எல் போட இடமில்லன்னா முன்கால் ரெண்டுக்கும் அடியில 3 எம்எம் ரப்பர் துண்டு வைங்க. 7 அடி உயரத்துல ஏறத்தாழ 20 எம்எம் சுவர்ப் பக்கம் சாயும். கனமான புத்தகம் கீழ ரெண்டு தட்டுல. வீட்டுல ஏறுற வயசுக் குழந்தை இருந்தா ரப்பர் மட்டும் போதாது, ஜன்னல் கம்பியோட சேர்த்துக் கட்டிடுங்க.

பழுப்பேடு:
ஆடுற ரேக்குல போல்ட் எண்ணிப் பாருங்க. மூலைக்கு ஒன்னுதான் போட்டிருப்பீங்க.

நூல்வேட்டை:
@கூடல்வாசி அண்ணா, அந்தப் பழைய பார்ட்டிகிள் அலமாரியைக் கொடுக்கிறதா இருந்தா சொல்லுங்க. நானும் மதுரைதான், வந்து எடுத்துக்கறேன்.