ரத்த அழுத்தத்துக்கு விஏ (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) இழப்பீடு: மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் ஒன்றும் கிடைக்காதா?

சப்ளை சார்ஜன்ட்:
வணக்கம். மாவ்னி திட்டம் (குடியுரிமை இல்லாதவர்களையும் தேவையான திறமைக்காக ராணுவத்தில் சேர்த்த திட்டம்) வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, சப்ளைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு 2021ல் வெளியே வந்தவன் நான். வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் பல் பிடுங்கப் போன இடத்தில் பிபியைப் பார்த்துப் பயந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடும்ப டாக்டர் வேறு வேறு நாட்களில் வரச் சொல்லி அளந்தார், 158/104, 152/102 என்று எல்லாமே அந்த ரகம்தான். உடனே லிசினோபிரில் ஆரம்பித்தார், இன்றுவரை ஓடுகிறது. இப்போது 126/80 பக்கம் நிற்கிறது.

சர்வீஸ் கால மருத்துவப் பதிவில் பிபி என்று ஒரு நோயே எழுதியிருக்காது. ஆனால் கடைசி இரண்டு வருஷத்தில் அங்கங்கே 138/92, 140/94 என்று எண்கள் மட்டும் கிடக்கின்றன, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முதுகு வலிக்கு ஏற்கெனவே 20 சதவீத ஊனம் என்று விஏ கணக்கிட்டு, அதற்கான இழப்பீடு வாங்குகிறேன். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் "மாத்திரையில் நார்மலா இருக்கா, அப்போ ஜீரோதான், விடு" என்கிறார்கள். உண்மையா? விண்ணப்பிக்கலாமா, வீண் வேலையா? மனைவியும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள், அதனால் கணக்கில் ஏதாவது மாறுமா என்றும் சொல்லுங்கள்.

பழைய நேவி:
தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. பிபிக்கு எத்தனை சதவீதம் என்று விஏ பார்க்கும் விதியின் எண் 7101. அதில் 10 சதவீதத்துக்கு மூன்று வழி இருக்கிறது. கீழ் எண் பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லை மேல் எண் பெரும்பாலும் 160 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இது இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் யாரும் படிப்பதில்லை: முன்பு கீழ் எண் பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேல் இருந்து, அதைக் கட்டுப்படுத்த இப்போது தொடர்ந்து மருந்து எடுக்கிறார் என்றால் அதற்கும் 10 சதவீதம் உண்டு. நீங்கள் சொன்ன 104ம் 102ம் அதற்குத்தான். இன்றைக்கு 126/80 என்பது உங்களைக் கவிழ்க்காது, மாத்திரைக்கு முந்தைய எண்களைக் காட்ட முடியாமல் போனால்தான் கவிழ்வீர்கள்.

20 சதவீதம் கிடைக்க, கீழ் எண் குறைந்தது 110 அல்லது மேல் எண் குறைந்தது 200 வேண்டும்; 40 சதவீதம் கிடைக்க, கீழ் எண் 120; 60 சதவீதம் கிடைக்க, 130. அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, நீங்கள் வெளியே வந்து ஒரு வருஷத்துக்குள் 10 சதவீத அளவுக்கு நோய் வெளிப்பட்டிருக்கிறது என்கிறீர்கள். ரத்த அழுத்தம் நாள்பட்ட நோய்கள் பட்டியலில் உண்டு, 90 நாளாவது தொடர்ந்து சர்வீஸ் செய்தவருக்கு அந்த ஒரு வருஷத்தில் வெளிப்பட்டால் சர்வீஸில் வந்ததாகவே வைத்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தை அந்த வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை, நோய் வெளிப்பட்டதற்கு ஆதாரம் இருந்தால் போதும். டாக்டர் முதன்முதலாக மருந்து எழுதிய தேதியும், டிடி-214ல் (ராணுவத்திலிருந்து விடுவித்த சான்று) இருக்கும் வெளியே வந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாமே அந்த இரண்டு தேதியில்தான் இருக்கிறது.

ஜிம் ராஜா:
ப்ரோ, 10 சதவீதம் என்றால் 2025 கணக்கில் மாதம் 175 டாலர் 51 சென்ட். அதுக்கு இவ்வளவு பேப்பரா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சி அண்ட் பி பரிசோதனைக்கு (இழப்பீட்டுக்காக விஏ வைக்கிற மருத்துவப் பரிசோதனை) முன்னாடி கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்திட்டுப் போனார், எண் எகிறிடுச்சு, கிடைச்சிடுச்சு. செய்யறதுன்னா அப்படிச் செய்யணும், இல்லேன்னா விட்டுடலாம்.

நைட் ஷிஃப்ட் நர்ஸ்:
ராஜா, இதைத் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். நிறுத்தியவுடன் அழுத்தம் திடீரென்று ஏறக்கூடிய மருந்துகள் சில உண்டு, குளோனிடின் அப்படிப்பட்டது, மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கரைச் சட்டென்று விட்டால் இதயத்துக்கே ஆபத்து. 175 டாலருக்காக ஸ்ட்ரோக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறேன், அதனால் கோபம் வருகிறது. அது தேவையும் இல்லை, பழைய நேவி சார் சொன்ன மூன்றாவது வழியே மருந்து எடுப்பவருக்காகப் போட்டதுதானே.

சார்ஜன்ட், முதுகுக்கு ஐபுப்ரோஃபென் எவ்வளவு நாள் போட்டீர்கள்? ராணுவத்தில் எதற்குப் போனாலும் 800 மில்லிகிராம் மோட்ரினைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள், சிப்பாய்கள் அதை 'வைட்டமின் எம்' என்று கிண்டல் செய்வார்களே, அதுவேதான். அந்த வகை வலி மருந்துகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிபியை ஏற்றும், லிசினோபிரிலின் வேலையையும் குறைக்கும். முதுகு ஏற்கெனவே சர்வீஸ் கனெக்டட், அதாவது ராணுவ சர்வீஸால் வந்தது என்று விஏ ஏற்றுக்கொண்டது, அதற்காகச் சாப்பிட்ட மருந்தால் பிபி வந்தது அல்லது மோசமானது என்று ஒரு டாக்டர் காரணத்தோடு எழுதினால், அது இரண்டாம் நிலைத் தொடர்பு என்று தனியாக ஒரு வழி. முதுகு வலியால் நடக்க முடியாமல் எடை கூடி, எடையால் பிபி வந்தது என்று சங்கிலியாகக் காட்டியும் வாதாடலாம். ஒரு வருஷ வழி கிடைக்காவிட்டால் இவை கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று: இப்போதும் ஐபுப்ரோஃபென் எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், லிசினோபிரிலோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சுமை.

பழைய நேவி:
ராஜா சொன்ன 175 கணக்கே இவருக்குப் பொருந்தாது. விஏ சதவீதத்தை நேராகக் கூட்டுவதில்லை. முதுகுக்கு 20 போனால் மிச்சம் 80, அந்த 80ல் 10 சதவீதம் 8, ஆக 28, அதைப் பக்கத்துப் பத்துக்குக் கொண்டுபோனால் 30. தனி ஆளுக்கே 2025ல் 20 சதவீதம் 346.95 டாலர், 30 சதவீதம் 537.42. அதோடு 30லிருந்துதான் மனைவி குழந்தைக்கும் சேர்த்துத் தருவார்கள், மனைவி மட்டும் இருந்தாலே 601.42. குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் மேலே. அதாவது இந்தச் சின்ன 10 சதவீதம் இவர் வீட்டுக்கு மாதம் 250 டாலருக்கு மேல் கொண்டுவரும்.

சரி, 0 சதவீதம் வந்தாலும் நான் போடச் சொல்வேன். சர்வீஸ் கனெக்டட் என்று காகிதத்தில் ஒருமுறை ஏறிவிட்டால், நாளைக்கு அதே பிபியால் இதயமோ சிறுநீரகமோ போனால் அதைத் தொடர்புபடுத்துவது எளிது. இருபது வருஷம் கழித்து ஆரம்பத்திலிருந்து நிரூபிக்க உட்கார்ந்தால் பழைய டாக்டர் இருக்க மாட்டார், பழைய ஃபைலும் இருக்காது.

மருமகள்:
இதை என் மாமனார் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன். அவர் அமெரிக்கர், 1969ல் வியட்நாமில் இருந்தவர். ரத்த அழுத்தத்துக்கு எப்போதோ விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, "அது வயசுக்கு வர்றது" என்று அவரே விட்டுவிட்டார். 2022 ஆகஸ்ட் 10ல் பாக்ட் சட்டம் (நச்சுப் பொருட்களால் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கானது) வந்தபோது, ஏஜென்ட் ஆரஞ்சால் (வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் தெளித்த களைக்கொல்லி) வந்ததாக எடுத்துக்கொள்ளும் நோய்கள் பட்டியலில் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தார்கள். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை வியட்நாமில் இருந்தவர் களைக்கொல்லி தெளித்த இடத்தில் நின்றேன் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம், நோய்க்கும் அதற்கும் தொடர்பு என்று டாக்டர் கடிதமும் வேண்டாம். அந்தக் காலத்தில் தாய்லாந்து ராணுவத் தளங்களில் இருந்தவர்களும், வியட்நாம் கடலோரத்தில் கப்பலில் இருந்தவர்களும் கூட இப்போது உள்ளே வருகிறார்கள். முன்பு மறுக்கப்பட்டவர்கள் 20-0995 படிவத்தில் சப்ளிமென்டல் கிளெய்ம் (மறுத்ததை மறுபடி பார்க்கக் கேட்கும் விண்ணப்பம்) போட்டால் மறுபடி பார்ப்பார்கள்.

அவருக்குக் கிடைத்தது என்னமோ 10 சதவீதம்தான். ஆனால் முன்பே வந்திருந்த பக்கவாதத்தை, அந்த பிபியின் விளைவு என்று அடுத்ததாகக் கேட்டோம். கை பலவீனத்துக்கு வந்த ரேட்டிங் பிபி ரேட்டிங்கை விடப் பெரியது. என் மாமியாருக்கும் நாளைக்கு அது முக்கியம், சர்வீஸ் கனெக்டட் நோயால் கணவர் இறந்தால் மனைவிக்கு டிஐசி என்று மாதத் தொகை உண்டு. இவர்களுக்கு இதையெல்லாம் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை, நாம்தான் தோண்ட வேண்டியிருக்கிறது.

சப்ளை சார்ஜன்ட்:
எல்லாருக்கும் நன்றி, ராஜாவுக்கும் சேர்த்துத்தான். மருந்து எழுதிய தேதியைப் பார்த்துவிட்டேன், ஒரு வருஷத்துக்குள்தான் வருகிறது. வைட்டமின் எம் பற்றிக் கேட்டீர்களே அக்கா, டப்பா டப்பாவாகச் சாப்பிட்டிருக்கிறேன், டாக்டரிடம் சொல்கிறேன். இப்போது முதலில் எதைப் போடுவது? இணையத்தில் ஒரு கம்பெனி, "வரும் கூடுதல் தொகையில் சில மாதப் பணத்தைக் கொடுங்கள், எல்லாம் நாங்களே முடிக்கிறோம்" என்கிறது.

பழைய நேவி:
அந்தக் கம்பெனிப் பக்கம் போகாதீர்கள். முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்க யாருக்கும் சட்டத்தில் இடமில்லை, அங்கீகாரம் பெற்ற வெட்டரன் (முன்னாள் படைவீரர்) அமைப்புகளின் பிரதிநிதிகள் இலவசமாகவே செய்து தருவார்கள். இன்றைக்கே இன்டென்ட் டு ஃபைல் (விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற முன்னறிவிப்பு) போடுங்கள், விஏ தளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கினாலே அது பதிவாகிவிடும். ஒரு வருஷம் அவகாசம், பணம் அந்தத் தேதியிலிருந்து கணக்கு. அப்புறம் குடும்ப டாக்டரிடம் மருந்துக்கு முந்தைய ஒவ்வொரு வருகையின் குறிப்பையும் கேட்டு வாங்கி நீங்களே ஏற்றிவிடுங்கள், விஏ வரவழைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்கள், ஒவ்வொரு நாளும் இரண்டு முறையாவது அளந்திருக்க வேண்டும் என்பது விதி, அது அந்தக் குறிப்பில் தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். பரிசோதனைக்குப் போகும்போது அந்தக் காகிதங்களின் நகல் கையில் இருக்கட்டும், அளக்கிறவர் அன்றைய எண்ணை மட்டும் எழுதிவிட்டு அனுப்பப் பார்த்தால், "மருந்துக்கு முன்னால் இது" என்று நீட்டுங்கள். பல் டாக்டரின் குறிப்பையும் விடாதீர்கள், தேதியோடு இருந்தால் அதுவும் ஆதாரம்.