தூண்டிலுக்கு வாங்கிய சாளை மிஞ்சுகிறது, சமைக்கலாமா?

முட்டுக்காடு_தூண்டில்:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம், முட்டுக்காடு பக்கம் தூண்டில் போடுவது என் வழக்கம். கொடுவாய், பாறை மீன்களுக்கு இரையாக, போகும் வழியில் நொச்சிக்குப்பத்தில் சாளை (மத்தி) வாங்கிக்கொள்வேன். சில நாள் சாளை இல்லாமல் சூடையும் காரப்பொடியும் கலந்து கிடைக்கும். கூறு போட்டுத்தான் விற்கிறார்கள், நாலு மீன் மட்டும் கொடு என்று கேட்க முடியாது. பாதிக்கு மேல் மிஞ்சிவிடுகிறது. இதுவரை பூனைகளுக்குப் போட்டுவிட்டு வந்தேன். போன வாரம் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் அதைப் பார்த்து வருத்தப்பட்டார். "குழம்பு வைத்தால் நாலு பேர் சாப்பிடலாமே தம்பி" என்றார்.

எங்கள் வீட்டில் வஞ்சிரம், சங்கரா தவிர வேறு மீன் வந்ததில்லை. அதனால் கேட்கிறேன். தூண்டிலுக்கு வாங்கியதைச் சாப்பிடலாமா? முள்ளை என்ன செய்வது? ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுக்குமாடி வீடு, வாடையும் ஒரு கவலை. மார்க்கெட்டில் வெட்டிக் கொடுப்பவர்கள் பொடி மீனைத் தொடுவதில்லை, எப்படிச் சுத்தம் செய்வது?

கெண்டைக்கரை:

தாராளமாகச் சாப்பிடலாம் நண்பரே. நான் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வாய்க்காலில் விராலுக்குக் கோர்ப்பதும் கெண்டைப் பொடிதான், வீட்டில் குழம்பு வைப்பதும் அதே கெண்டைப் பொடிதான். மதுரைக்காரர்கள் அயிரையை உயிரோடு வாங்கிப் பாலில் போட்டு, மண்ணைக் கக்க வைத்துக் குழம்பு வைக்கிறார்கள். அதன் விலையைக் கேட்டால் உங்கள் வஞ்சிரம் தோற்றுவிடும். கடல் மீன் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மணக்குடி_ஸ்டெல்லா:

தம்பி, நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவள். அப்பா தூண்டில்காரர். கலவா, விளமீன், பாறை பிடிக்கப் போவார். விடியற்காலையில் சாளை வலை வள்ளம் கரைக்கு வந்ததும் இரைக்கு ஒரு கூடை எடுப்பார். அந்தக் கூடையிலிருந்து அம்மா முதலில் ஒரு சட்டி அளவு வீட்டுக்கு எடுத்த பிறகுதான் அது படகுக்குப் போகும். கறிக்கு வேறு மீன், இரைக்கு வேறு மீன் என்று எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. கெட்டுப்போன சாளையைக் கோர்த்தால் அது தூண்டில் முள்ளில் நிற்காது, கரைந்து விழுந்துவிடும். அதனால் அப்பா கூடையில் கைவிட்டு, கண் தெளிந்து, வயிறு உடையாமல் விறைப்பாக இருப்பதாகப் பார்த்துப் பொறுக்குவார். கறிக்கு அம்மா பார்ப்பதும் அதையேதான். ஆழ்கடல் தூண்டிலுக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களிலும் சாளைக் கறி இல்லாத சமையலறையைப் பார்க்க மாட்டீர்கள்.

ஆகவே எந்த மீன் என்பதை விட, வாங்கியதிலிருந்து நீங்கள் அதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். காலையில் வாங்கி, பாலித்தீன் பையில் பாறை மேல் வெயிலில் வைத்து, மத்தியானம் வரை இரை கோர்த்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள் என்றால் தயவுசெய்து சமைக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாங்கும் இடத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வீட்டுக்கானதைத் தனி டப்பாவில் போட்டு, மீன் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸ் போட்டு, மேலேயும் கீழேயும் ஐஸ் வருமாறு மூடி நிழலில் வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கும் பெட்டியில் அந்த டப்பாவை வைக்க வேண்டாம். தூண்டில் சாமான் கடைகளில் இரைக்கென்று உறைய வைத்து விற்கும் பாக்கெட்டும் வேண்டாம். அதை மனிதர்கள் சாப்பிடுவதற்கென்று பதப்படுத்தியிருக்க மாட்டார்கள்.

சுத்தம் செய்வது சுலபம். சாளையைக் குழாயடியில் பிடித்து வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கத்தியின் முதுகால் தேய்த்தால் செதில் உதிர்ந்துவிடும். தலையைக் கிள்ளும்போதே குடலும் சேர்ந்து வந்துவிடும். வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு சவ்வு இருக்கும், அதை விரலால் தேய்த்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் லேசாகக் கசக்கும். அப்புறம் கல் உப்பும் கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டு இரண்டு முறை அலசுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் இன்னும் ஒரு வேலை உண்டு. வயிற்றுப் பக்கம் பெருவிரலைக் கொடுத்து வால் வரைக்கும் ஓட்டினால் மீன் புத்தகம் போல விரியும். நடுமுள்ளைத் தலைப்பக்கம் பிடித்து மெதுவாக இழுத்தால் பக்க முள்ளில் பெரும்பகுதியோடு ஒரே இழுப்பில் வந்துவிடும். கத்தியே வேண்டாம். நெத்திலி அளவு பொடி மீன் கிடைத்தால் முள்ளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முள்ளோடு மென்று சாப்பிடுவதுதான் முறை. சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளில்தான் இருக்கிறது.

இனி கறி. எங்கள் ஊர்ப் புளிமுளம் சொல்கிறேன். அரைக் கிலோ சாளைக்கு அரை மூடித் தேங்காய், இரண்டு கரண்டி மிளகாய்த்தூள், ஒரு கரண்டி மல்லித்தூள், கொஞ்சம் மஞ்சள், நாலைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்). கரண்டி என்றால் தேக்கரண்டிதான். எல்லாவற்றையும் வெண்ணெய் போல அரைக்க வேண்டும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, அரைப்பையும் உப்பையும் சேர்த்து மண்சட்டியில் கொதிக்க விடுங்கள். முருங்கைக்காய் இருந்தால் இந்த நேரத்தில் போடலாம். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்துவிட்டு மாங்காய்த் துண்டு போடுங்கள், சாளையின் நெய்க்கு, அதாவது அதன் கொழுப்புக்கு, அந்தப் புளிப்பு அவ்வளவு பொருத்தம். அரைப்பின் பச்சை வாடை போன பிறகுதான் மீன் இறங்க வேண்டும். மீன் போட்டபின் கரண்டியை உள்ளே விடாதீர்கள். சட்டியை இரு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் போதும். பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடும். இறக்கும்போது கறிவேப்பிலையும் ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயும். அவித்த மரச்சீனிக்கிழங்கோடு (மரவள்ளி) சாப்பிட வேண்டிய கறி இது. சோற்றுக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முறையாவது கிழங்கோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

வாடை பொரிக்கும்போதுதான் அதிகம் வரும், குழம்பில் அவ்வளவு வராது. பொரித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் மசாலா தடவி வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சுடுங்கள். கையில் வாடை நின்றால் கரைத்த புளியின் சக்கையால் தேய்த்துக் கழுவுங்கள்.

ஒன்று மட்டும் மனதார சொல்கிறேன். சாளையை "இரை மீன்", "கோழித்தீவன மீன்" என்று ஒதுக்குவதைக் கேட்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வளரும் மீன் அது. அதனால் பெரிய மீன்களில் சேருவதுபோல் பாதரசம் அதில் சேருவதில்லை. இதயத்துக்கு நல்லது என்று மாத்திரையாக விற்கிற ஒமேகா 3 கொழுப்பு சாளையின் நெய்யிலேயே இருக்கிறது. எங்கள் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை முடிந்து வரும் சாளையில் நெய் ஏறியிருக்கும், சட்டியில் போட்டால் தெரியும். இதில் எவ்வளவோ காய்ந்து நாமக்கல் கோழிப் பண்ணைக்கும், மாவாக அரைபட்டு இறால் பண்ணைக்கும் போகிறது. வாங்கிச் சாப்பிடும் வீடுகள் கூடினால் அந்த மீனைப் பிடிக்கிற சிறிய வள்ளக்காரருக்கும் நல்ல விலை கிடைக்கும்.

உப்புக்காற்று:

மணக்குடி அக்கா ஐஸ் பற்றிச் சொன்னதை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைதான் என் வேலை. சாளை, கானாங்கெளுத்தி, சூரை, நெத்திலி ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் அது போகாது. மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், நாற்றமும் இருக்காது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், சிலருக்கு வாந்தியும் பேதியும் வரும். மீன் அலர்ஜி என்று பலர் நினைப்பதில் ஒரு பகுதி இதுதான். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வயிறு உடைந்த சாளையை ஒதுக்கச் சொன்னதும் சரியே. நன்றாக இரை தின்ற நேரத்தில் பிடிபட்ட சாளையில் செரிமான நொதிகள் செத்த பிறகும் வேலை செய்து வயிற்றுச் சுவரையே கரைத்துவிடும். கொஞ்ச நேரம் வெளியில் கிடந்தாலே உடைந்துவிடும்.

காரல்_சொதி:

காரப்பொடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் ராமநாதபுரம் பக்கம், எங்களுக்கு அது காரல். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறும் என்று காரலைத் தேடி வாங்கிக் கொடுப்பார்கள். என் இரண்டு பிரசவத்திலும் மாமியார் வைத்துக் கொடுத்தது காரல் சொதிதான். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், மஞ்சள், மிளகு, கடைசியில் எலுமிச்சை. அவ்வளவுதான்.

சுத்தம் செய்வதுதான் கொஞ்சம் வேலை. உடம்பு முழுக்க வழவழப்பாக இருக்கும். சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்போடு போட்டு உரசி உரசி, தண்ணீர் தெளிகிற வரை அலச வேண்டும். முள் அதிகம் என்பது உண்மை. பிள்ளைகளுக்கு என்றால் சாற்றை வடிகட்டிச் சோற்றில் விட்டுக் கொடுங்கள், சதையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, பச்சைக் காரல் இருட்டில் மினுங்குவதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அதன் தொண்டைக்குழாயைச் சுற்றி ஒளிவிடும் பாக்டீரியா வாழும் ஓர் உறுப்பு இருக்கிறது. குடலோடு அது போய்விடும்.

முட்டுக்காடு_தூண்டில்:

அக்கா, நண்பர்களே, மிக்க நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த ஞாயிறு ஐஸ் பெட்டியோடு போகிறேன். இரண்டு சந்தேகம். குக்கரில் வைத்தால் சாளை முள் கரைந்துவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், உண்மையா? மீன்பிடித் தடைக்காலத்தில் சாளை கிடைக்குமா?

மணக்குடி_ஸ்டெல்லா:

குக்கர் விஷயம் உண்மைதான் தம்பி. முள் கரைந்து காணாமல் போகாது, ஆனால் நடுமுள் கூட விரலால் நசுக்கினால் மாவாகிற அளவுக்கு மிருதுவாகிவிடும். டின்னில் அடைத்து வரும் சாளையும் அப்படித்தான். புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மிளகு, சின்ன உள்ளி, பூண்டு, கொஞ்சம் எண்ணெய் எல்லாம் சேர்த்து, மீன் முழுகும் அளவு தண்ணீர் விடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயை மிகவும் குறைத்து நாற்பது நிமிடம் விட வேண்டும். அடுப்பை அணைத்ததும் திறக்காதீர்கள், ஆவி தானாக அடங்கட்டும், அவசரப்பட்டால் மீன் உடையும். இதில் தேங்காய் சேர்க்க வேண்டாம், அடிப்பிடித்துவிடும். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும், ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கிச் சாப்பிடலாம்.

உங்கள் கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகும் நாட்டுப் படகும் அந்த நாட்களிலும் கரையோரம் போகும், சாளை, சூடை, நெத்திலி எல்லாம் அவர்கள் கொண்டுவருவார்கள். விலை கொஞ்சம் ஏறியிருக்கும். காலை ஏழு மணிக்குள் போய்ப் பாருங்கள்.

உப்புக்காற்று:

அக்கா சொன்ன குக்கர் முறையில் மீனை அடுக்கும்போது தலையும் வாலுமாக மாற்றி மாற்றி வையுங்கள், உடையாது. பாதி குக்கருக்கு மேல் நிரப்ப வேண்டாம். புளித்தண்ணீர் நுரைத்து வால்வை அடைத்துவிடும்.