டிஸ்னி பாக்கப் போற இடத்தில ஒரு நல்ல ஸ்டேக்: பார்க்குக்குள்ளயோ வெளியிலயோ?

கொக்குவிலான்:
வணக்கம் எல்லாருக்கும். ஓகஸ்ட் லீவுக்கு ரொறன்ரோவில இருக்கிற அண்ணையிட்டப் போறம், அங்கயிருந்து எல்லாருமாச் சேந்து ஒர்லாண்டோவுக்கு 5 நாள், பிள்ளையளுக்கு டிஸ்னி காட்ட. நாங்கள் அம்மாவோட 5 பேர், அண்ணை வீட்டில 4, மொத்தம் 9. ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில கிசிமியில வீடு வாடகைக்கு எடுத்தாச்சு, பார்க் டிக்கெட்டும் எடுத்தாச்சு. எனக்கு இந்தப் பயணத்தில ஒரேயொரு ஆசை, ஒரு ராத்திரி ஒழுங்கான ஸ்டேக், அதுதான் தடிச்ச மாட்டிறைச்சித் துண்டைச் சுட்டது, சாப்பிடவேணும். வயசு 41 ஆகுது, இன்னும் வாய்க்கேல்ல. ஒருக்கா கொழும்பில ஒரு இடத்தில ஓடர் பண்ணி, நான் மூண்டாவது துண்டைச் சப்பிக்கொண்டிருக்க மற்றாக்கள் ஐஸ்கிரீமும் முடிச்சு பில்லும் வந்திட்டுது. அண்ணை சொல்லுறார் எப்கொட் எண்ட டிஸ்னிப் பார்க்குக்குள்ள கனடாப் பக்கம் லெ செலியே எண்டு ஒரு ஸ்டேக் ஹவுஸ் இருக்கு, கடைசி நாள் ராத்திரி அங்க போவம் எண்டு. அண்ணி சொல்லுறா பார்க்குக்குள்ள சாப்பிடுறது காசைக் கரியாக்கிற வேலை எண்டு. விசயம் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

ஸ்காபரோ மச்சான்:
அண்ணை சொல்லுறதக் கேளுங்கோ தம்பி, நான் மூண்டுதரம் போய் வந்தனான். ஓகஸ்டில ஒர்லாண்டோ எண்டா 33 பாகை வெயில், பின்னேரம் ஒரு இடிமழை, அதுக்குப் பிறகு அவிச்ச மாதிரி ஒரு புழுக்கம். அதுக்குள்ளால நடந்து திரிஞ்சிட்டு லெ செலியேக்குள்ள இறங்கிப் பாருங்கோ, வைன் வைக்கிற நிலவறை மாதிரிக் கட்டியிருக்கு, கல்லு வளைவு, யன்னல் ஒண்டும் இல்லை, குளிரும் அரை இருட்டும். செடார் சீஸ் சூப் ஒண்டு தருவினம், அதுக்குள்ள பிரெட்ஸல் பாணைப் பிச்சுத் தோய்ச்சுத் தின்னவேணும். பிறகு பிலே மின்யோன் எண்ட ஸ்டேக், கத்தி வைச்சாலே இறங்கும், கூட காளான் போட்ட ரிசோட்டோ வரும், எங்கட குழைஞ்ச சோறு மாதிரித்தான். சாப்பிட்டிட்டு மேல வந்தா வாவிக்கரையில வாணவேடிக்கை. வேற என்ன வேணும்?

கணக்கு வாத்தி:
பொறுங்கோ பொறுங்கோ. கனடாவில சீவிக்கிற மனுசன் பிளேன் ஏறி அமெரிக்காவுக்குப் போய், அங்க சிமெந்தில கட்டின கனடாவுக்குள்ள இருந்து கனடாச் சாப்பாடு சாப்பிடுறதோ? எப்கொட்டில 11 நாடு கட்டி வைச்சிருக்கிறான், மற்றப் 10 நாட்டுக்காரரும் என்ன பாவம் செய்தவை?

இனிக் கணக்குக்கு வருவம். அங்க ஒரு ஸ்டேக் 60 டொலரைத் தாண்டும். 9 பேரில 4 பேர் ஸ்டேக், மற்றாக்கள் வேற, சூப்பு, குடிக்க, பிள்ளையளுக்கு இனிப்பு, குறைச்சுப் பிடிச்சாலும் 450 டொலர். 6 பேரோ அதுக்கு மேலயோ வந்தா டிஸ்னியில 18 வீதம் டிப்ஸை அவங்களே பில்லில போட்டிடுவாங்கள், அது 81. வரி ஆறரை வீதம், அது 29 சொச்சம். 560 டொலர். டொலர் 300 ரூபா எண்டு பாத்தாலும் ஒரு லட்சத்து அறுபத்தெண்ணாயிரம். இஞ்ச ரெண்டு கிடாய் வாங்கி ஒழுங்கை முழுக்கப் பங்கு போடலாம்.

ஸ்காபரோ மச்சான்:
வாத்தியார், அப்பிடிப் பாத்தா பிளேன் டிக்கெட் காசுக்கு ஒரு பட்டி ஆடே வாங்கலாம். பயணத்துக்கு வெளிக்கிட்ட ஆளிட்டக் கிடாய்க் கணக்குச் சொல்லுறியள்.

குசினிக்காரன்:
நான் குருநகர். 8 வருசம் கப்பல் குசினியில நிண்டனான், அதில 5 வருசம் கிரில்லில மட்டும். ரெண்டு பேரும் இடத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறியள், இறைச்சியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

கொக்குவிலானுக்குக் கொழும்பில நடந்தது ஏன் எண்டு முதல் விளங்கவேணும். எங்கட ஊர் மாடு புல்லுத் திண்டு, நடந்து, பால் தந்து, வயசு போய்த்தான் வெட்டுக்கு வரும். விடிய வெட்டி மத்தியானம் கறிச் சட்டிக்குள்ள. கறிக்கு அது திறம், ரெண்டு மணித்தியாலம் அவிய நார் எல்லாம் கரைஞ்சு குழம்பு தடிச்சு வரும். அதே துண்டைத் தட்டில போட்டு பத்து நிமிசத்தில எடுத்தா என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. அமெரிக்காவில ஸ்டேக்குக்கு எண்டு வளர்க்கிற மாட்டுக்குக் கடைசி மாதங்களில சோளம் குடுத்து வளர்ப்பினம், கொழுப்பு சதைக்குள்ள நூல் நூலா ஓடியிருக்கும். அந்த நூலைப் பாத்துத்தான் அரசாங்கத் தரம் போடுறது, பிரைம், அதுக்குக் கீழ சொய்ஸ், அதுக்குக் கீழ செலெக்ட். பிறகு குளிர் அறையில மூண்டு நாலு கிழமை வைச்சுப் பழுக்கவிடுவினம், இறைச்சி தன்ரபாட்டில இளகும், மணமும் மாறும்.

பிலே எண்டது மாடு பாவிக்காத சதை, அதுதான் மெதுவா இருக்கு, ஆனா ருசி குறைவு. முதல்முதல் சாப்பிடுற ஆள் ரிப்-ஐ எண்ட விலாப் பக்கத்துத் துண்டை எடுக்கவேணும். கொழுப்பு உருகி வாயில படேக்கதான் ஸ்டேக் எண்டா என்னெண்டு தெரியும்.

இடம் எண்டா என்ர ஓட்டு யொட்ஸ்மன். அது எப்கொட்டின்ர பின் வாசலால வெளிக்கிட்டா பத்து நிமிச நடை, யொட் கிளப் எண்ட டிஸ்னி ஹொட்டலுக்குள்ள. பார்க் டிக்கெட் தேவையில்லை. வாசலிலயே கண்ணாடிக்குள்ளால இறைச்சி வைச்சிருக்கிறதைப் பாக்கலாம், ஒளிச்சு மறைச்சு ஒண்டும் இல்லை.

மானிப்பாய் அன்ரி:
ஓகஸ்ட் எண்டா நல்லூர்க் காலமெல்லோ, உதென்ன கதை பிள்ளையள்? நாங்கள் கொடியேறினா முட்டை கூட வீட்டுக்குள்ள எடுக்கிறேல்ல. நீங்கள் என்ன சாப்பிட்டாலும் அது உங்கட இஸ்டம், நான் ஒண்டும் சொல்லேல்ல, ஆனா தம்பி, உங்கட அம்மா மாடு சாப்பிடுவாவோ? அந்தப் பாவத்தை ரத்தம் வடியிற கோப்பைக்கு முன்னால கொண்டுபோய் இருத்தப் போறியளோ? அதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல.

கொக்குவிலான்:
அன்ரி, அம்மா மாடு தொடமாட்டா. ஆடு, கோழி, மீன் சாப்பிடுவா, அதுவும் வெள்ளி செவ்வாய் இல்லை. மனிசி சாப்பிடுவா, ஆனா சிவப்பாத் தெரிஞ்சா எழும்பிப் போயிடுவா.

குசினிக்காரன்:
அன்ரி, கோபிக்காதேங்கோ, அது ரத்தம் இல்லை. ரத்தம் எல்லாம் வெட்டின அண்டைக்கே போயிடும். அது தண்ணியும், சதைக்குள்ள இருக்கிற மயோகுளோபின் எண்ட ஒரு புரதமும். அதின்ர நிறம் சிவப்பு, சூடு ஏற ஏற மண்ணிறமாகும், அவ்வளவுதான்.

தம்பி, மீடியம் ரெயர் எண்டா உள்ள சிவப்பா விட்டுச் சுடுறது, நடுவில 55 பாகை அளவில நிக்கும். பயமெண்டா 63 பாகை, அமெரிக்க அரசாங்கம் பாதுகாப்பெண்டு சொல்லுறதும் அதுதான், 3 நிமிசம் ஆறவிட்டு. முழுத்துண்டில கிருமி இருந்தா அனேகமா மேல்பக்கத்தில, அது தட்டில படேக்கயே செத்திடும். அரைச்ச இறைச்சி வேற, அதுக்கு 71. மனிசிக்குக் கொஞ்சம் கூட வேகவிடுற மீடியம் வெல் சொல்லுங்கோ, முழுக்க வேகவிடுற வெல் டன் மட்டும் வேண்டாம், கும்பிட்டுக் கேக்கிறன். வெல் டன் ஓடர் வந்தா கிரில்லில நிக்கிறவன் இருக்கிறதுக்குள்ள மெலிஞ்ச துண்டைத்தான் தேடி எடுப்பான், நானும் அதைத்தான் செய்தனான்.

கணக்கு வாத்தி:
ஆக உங்கட கப்பலில கேட்டதைக் குடுக்கிறதில்லை, நீங்கள் விரும்பினதைத்தான் குடுக்கிறது.

குசினிக்காரன்:
வாத்தியார், நீங்கள் கேட்டா சப்பாத்துத் தோலைத்தான் தருவன்.

கணக்கு வாத்தி:
நான் வெளியில எண்டு சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. போன வருசம் சிங்கப்பூரில பிள்ளையளோட ஒரு பார்க்குக்குப் போய், அங்க உள்ளுக்க ஒரு சாப்பாட்டுக் கடையில புக் பண்ணின நேரத்துக்குப் போயும் ஒரு மணித்தியாலம் வாசலில நிண்டம். சின்னவள் என்ர தோளிலயே நித்திரை. சாப்பாடு வரேக்க ஒருத்தருக்கும் பசி இல்லை, கோவம் மட்டும் இருந்தது.

ஒர்லாண்டோவில இன்டர்நஷனல் டிரைவ் எண்ட ரோட்டில டெக்ஸஸ் டி பிரேசில் இருக்கு. பிரேசில்காரர் மாதிரி நீட்டுக் கம்பியில இறைச்சியைக் குத்திக்கொண்டு மேசை மேசையாத் திரிவாங்கள், உங்கட பக்கத்தில இருக்கிற வட்ட அட்டையைப் பச்சையாத் திருப்பி வைச்சா வெட்டி வெட்டிப் போடுவாங்கள், சிவப்பாக்கினா விட்டிடுவாங்கள். ஆளுக்கு ஒரு விலை. ஆட்டிறைச்சி இருக்கு, கோழி இருக்கு, பெரிய சலாட் மேசை இருக்கு. அம்மாவுக்கும் பிரச்சினை இல்லை, பிள்ளையளுக்கும் இல்லை. 9 பேருக்கு இதுதான் சரி.

குசினிக்காரன்:
பிக்கான்யா எண்டு ஒரு துண்டு தருவாங்கள், மேல கொழுப்புத் தொப்பியோட வளைச்சுக் குத்தினது, அது திறம், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா அது கலியாணவீட்டுப் பந்தி மாதிரி. இந்த மனுசன் 41 வருசமா ஒரு ஸ்டேக்குக்குக் காத்திருக்கிறார், அவரைப் பந்தியில இருத்தப் பாக்கிறியள்.

ஸ்காபரோ மச்சான்:
வெளியில வெளியில எண்டுறியள், கிசிமியில இருந்து இன்டர்நஷனல் டிரைவுக்கு பின்னேர ட்ராபிக்கில 9 பேர் ரெண்டு காரில போறதைப் பற்றி யோசிச்சியளோ? பார்க்கில இருந்து வந்து, குளிச்சு, பிள்ளையளை வெளிக்கிடுத்தி, திரும்ப ரோட்டுக்கு இறங்கி... ஒருத்தரும் போகமாட்டியள், நான் எழுதித் தாறன். வீட்டுக்கு பீட்சா எடுப்பிச்சுத் திண்டிட்டுப் படுப்பியள். கிட்ட இருக்கிற சாப்பாடுதான் சாப்பிடுற சாப்பாடு.

குசினிக்காரன்:
அதுக்குத்தான் நான் கடைசி நாள் ராத்திரி வேண்டாமெண்டு சொல்ல வந்தனான், மறந்துபோனன். கப்பலிலயும் பாத்தனான், பகல் முழுக்க வெயிலில ஊர் சுத்திப்போட்டு வாற ஆக்கள் உப்புத் தண்ணிக்கும் ஐஸுக்கும்தான் அலையுவினம், திறம் இறைச்சியைப் பாதியில விட்டிட்டுப் போவினம். 5 நாளில ஒரு நாள் பார்க் வேண்டாம். விடிய நித்திரை கொள்ளுங்கோ, மத்தியானம் சும்மா பாண் ஏதும் கடியுங்கோ, பின்னேரம் 5 மணிக்குப் பசியோட போய் இருங்கோ. 5 மணிக்கு குசினியும் துப்பரவு, கிரில்லும் இன்னும் கரி பிடிக்கேல்ல, சமைக்கிறவனுக்கும் பொறுமை இருக்கும்.

ஸ்காபரோ மச்சான்:
5 நாளில ஒரு நாள் பார்க் இல்லாமலோ? டிக்கெட் விலை தெரியுமோ உங்களுக்கு?

கணக்கு வாத்தி:
இதில குசினிக்காரன் சரி. நாள் கூடக்கூட நாள் ஒண்டுக்கு விலை குறையும், 5க்குப் பதிலா 4 எடுத்தா நட்டம் பெரிசா வராது. ஆனா தம்பி டிக்கெட் எடுத்திட்டன் எண்டுறார்.

கொக்குவிலான்:
4 நாள் டிக்கெட்தான் எடுத்தது, ஒரு நாள் கடைக்கு எண்டு அண்ணி சண்டை பிடிச்சு வைச்சவா. அப்ப அந்த நாளில பாக்கிறன். புக்கிங் எப்பிடி?

ஸ்காபரோ மச்சான்:
60 நாளுக்கு முன்னம் திறக்கும். ஒன்லைனில எங்கட நேரம் விடியக் காலமை 6 மணி அளவில, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பவேணும்.

கணக்கு வாத்தி:
இஞ்ச அது பின்னேரம் மூண்டரை. தேத்தண்ணியும் வடையுமா இருந்து புக் பண்ணலாம். வாழ்க்கையில முதல்தரம் யாழ்ப்பாணத்தில இருக்கிறதால ஒரு லாபம்.

ஸ்காபரோ மச்சான்:
9 பேருக்கு ஒரே மேசை கேட்டா கிடைக்கிறது கஷ்டம், நாலும் அஞ்சுமாப் பிரிச்சுப் போடுங்கோ. வராட்டி 2 மணித்தியாலத்துக்கு முன்னமாவது கான்சல் பண்ணுங்கோ, இல்லாட்டி ஆளுக்கு 10 டொலர் வெட்டுவாங்கள்.

மானிப்பாய் அன்ரி:
அம்மாவுக்கு என்ன முடிவு? எல்லாரும் மாட்டுக்குத்தான் முடிவெடுத்திருக்கிறியள்.

(போய் வந்தபிறகு)

கொக்குவிலான்:
எல்லாருக்கும் நன்றி, கிழமைக்கு முன்னம் வந்து சேந்தம், இன்னும் நித்திரை சரிவரேல்ல. யொட்ஸ்மனில 4 பேருக்குத்தான் இடம் கிடைச்சது, நான், மனிசி, அண்ணை, அண்ணி. அம்மாவும் பிள்ளையளும் வீட்டில ஸ்விம்மிங் பூல், அம்மா சமைச்ச சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். அன்ரி, அம்மா வரமாட்டன் எண்டு தானே சொன்னவா, சந்தோசமாத்தான் இருந்தவா.

நான் ரிப்-ஐ, மீடியம் ரெயர். கோப்பையைக் கொண்டுவந்து வைக்கேக்க ஒரு சத்தம் வந்தது, அப்பளம் பொரியிற மாதிரி மெல்லிசா. மேல கறுப்பு, உப்புக்கல்லு தெரியுது, வெட்டினா உள்ள றோஸ். முதல் துண்டு வாயில வைச்சிட்டு நான் ஒண்டும் கதைக்கேல்ல, அண்ணை போட்டோ எடுத்திட்டார், அதில எனக்குக் கண் மூடி இருக்கு, வீட்டில எல்லாருக்கும் காட்டிச் சிரிக்கினம். மனிசி மீடியம் வெல் சொல்லி, என்ர கோப்பையில இருந்து ரெண்டு துண்டு எடுத்திட்டா, சிவப்பு எண்டு ஒண்டும் சொல்லேல்ல.

அண்ணை இன்னும் லெ செலியேதான் நல்லம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார், போகாமலே.

துண்டு பெரிசு, எனக்கு முடிக்க ஏலாமல் போச்சு, அண்ணியும் பாதிதான் சாப்பிட்டவா. மிச்சத்தைப் பெட்டியில கட்டித் தந்தாங்கள். அடுத்தநாள் விடிய மனிசி அதைச் சின்னனா அரிஞ்சு, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு, சூட்கேசில கொண்டுபோன தூளும் போட்டுப் பிரட்டினா. பிள்ளையள் பாணோட சேத்து அடிச்சுத் தள்ளிட்டாங்கள். மூத்தவன் சொல்லுறான் டிஸ்னியில சாப்பிட்ட எல்லாத்திலயும் அதுதான் திறமாம்.

கணக்கு வாத்தி:
பாத்தியளோ. 60 டொலர்ப் பிரட்டல்.

ஸ்காபரோ மச்சான்:
லெ செலியேக்குப் போயிருந்தா மிச்சம் வந்திராது, பிலே சின்னத் துண்டு.

குசினிக்காரன்:
ஐயோ ஐயோ. நான் என்னத்துக்கு இவ்வளவையும் எழுதினனான். ஒருத்தன் அதைப் பாகை பாத்து எடுத்து, ஆறவிட்டு, வேர்க்க விறுவிறுக்கக் கொண்டுவந்து தர, நீங்கள் அதைத் திரும்பச் சட்டியில போட்டுப் பிரட்டினனியளோ? இனி என்னட்ட ஒண்டும் கேக்காதேங்கோ.

தேங்காய்ச் சொட்டுப் போட்டவாவோ?