லிண்டர்டிஸ் மன்றோவும் ஃபவுலிஸ் மன்றோவும்

குழு: தேனாம்பேட்டை வீடு

நித்யா, காலை 9:14
சித்தப்பா, ஸ்கூல் போர்டுக்கு தீவுத்திடல் மன்றோ சிலை பத்தி நாலு வரி எழுதணும். "மன்றோ பாரனெட்"னு தேடினா ரெண்டு வரிசை வருது. 1634-ல ஒண்ணு, 1825-ல ஒண்ணு. எதைப் போட?

சேகர் சித்தப்பா, 9:20
1825. லிண்டர்டிஸ். பாரனெட்னா பேருக்கு முன்னாடி "சர்" போட்டுக்கிற பரம்பரைப் பட்டம். அது மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோவுக்கே புதுசா கொடுத்தது, அவர்தான் முதலாமவர். 1634 ஃபவுலிஸ் மன்றோக்களோடது. வடக்கு ஸ்காட்லாந்துல குலத்தலைவர் வீடு. தாமஸ் கிளாஸ்கோ வியாபாரி மகன்.

அருண், 9:22
ஒரே சர்நேம்தானே மாமா? அப்புறம் என்ன ரெண்டு பட்டம்?

சேகர் சித்தப்பா, 9:27
சர்நேமுக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்லடா. பெரும்பாலும், அரசர் முத்திரை போட்ட பட்டயத்துல யார் பேர் இருக்கோ, அவருக்கு முறையான திருமணத்துல பிறந்த ஆண் வாரிசு, அவனுக்கு மகன், அப்படியே கீழ. அந்த வரி அறுந்தா பட்டம் முடிஞ்சது. பக்கத்து வரிசை மன்றோ வந்து எடுத்துக்க முடியாது. அதனாலதான் பட்டத்தோட ஒரு ஊர்ப் பேரும் சேர்த்துக் கொடுக்கிறாங்க. "மன்றோ பாரனெட்"னு மட்டும் எழுதினா பாதி விலாசம் எழுதின மாதிரி.

மாலதி அத்தை, 9:31
நித்யா, ஹெக்டர் மன்றோவையும் இதுல கலந்துடாதே. 1764 பக்சர் போர், 1778 பாண்டிச்சேரி முற்றுகை, 1780-ல காஞ்சிபுரத்துல கனத்த பீரங்கியைக் கோயில் குளத்துல தள்ளிட்டுப் பின்வாங்கினது, எல்லாம் அவர். அந்தப் படையில தாமஸ் சின்ன அதிகாரி. ஹெக்டர் நோவார் ஊர்க்காரர். அவரோட "சர்" பாத்ங்கிற அரச விருதோட வந்தது, அவரோடயே போயிடுச்சு. பரம்பரை கிடையாது.

நித்யா, 9:33
அப்போ "சர்" பார்த்து எதுவும் சொல்ல முடியாதா அத்தை?

மாலதி அத்தை, 9:36
முடியாது. பேருக்குப் பின்னாடி பாரு. "பி.டி." இல்லேன்னா "பார்ட்"னு இருந்தா பாரனெட், பரம்பரை. "கே.பி.", "கே.சி.பி." (ரெண்டும் பாத் விருது வகை) இருந்தா ஆயுசு வரைக்கும்தான். தாமஸுக்கு ரெண்டும் உண்டு, 1819-ல கே.சி.பி., 1825-ல பாரனெட். அதனால 1820 கடிதத்துல "சர் தாமஸ்"னு இருக்கேன்னு அப்பவே பாரனெட்டுன்னு எழுதிடக் கூடாது. அப்புறம் "மன்றோ பிரபு"ன்னும் வேண்டாம். பாரனெட்டுக்குப் பிரபுக்கள் சபையில இடமே கிடையாது.

சேகர் சித்தப்பா, 9:41
இன்னொரு பொறி. "சர் ஹ்யூ மன்றோ" ரெண்டு பேர். ஃபவுலிஸ் 8-வது பாரனெட் 1848-ல இறந்தார். லிண்டர்டிஸ் 4-வது பாரனெட் 1919-ல இறந்தார். பின்னவர் நம்ம சிலைக்காரரோட பேரன். 3,000 அடிக்கு மேல இருக்கிற ஸ்காட்லாந்து மலைகளை 1891-ல பட்டியல் போட்டவர். இன்னிக்கும் அந்த மலைகளுக்கு "மன்றோ"ன்னுதான் பேரு, இப்போ கணக்கு 282. ஊர், எத்தனையாவது, இறந்த வருஷம் மூணும் இருந்தாத்தான் ஆளு உறுதி.

அருண், 9:43
மெட்ராஸ் கவர்னர் பேரன் பேருல மலையா 😮 இது செம

அருண், 9:44
வீடு, நிலம் எல்லாம் பட்டத்தோட போகுமா?

சேகர் சித்தப்பா, 9:52
அங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. போகணும்னு இல்லை. பட்டம் பட்டயப்படி, நிலம் உயில்படி இல்லேன்னா சொத்துச் சட்டப்படி. ஃபவுலிஸையே எடுத்துக்கோ. அந்த 8-வது ஹ்யூவோட மகள் மேரி, பெற்றோர் கல்யாணத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல பிறந்தவ. அப்பா ஸ்காட்லாந்துக்காரர்ங்கிறதால பின்னாடி நடந்த கல்யாணம் அவளை முறையான வாரிசு ஆக்குதுன்னு 1840-ல பிரபுக்கள் சபை தீர்ப்பு. 1848-ல நிலம் மேரிக்கு, பட்டம் தூரத்து உறவு சார்லஸுக்கு. அடுத்த வருஷமே மேரி இறந்துட்டா. 1935-ல திரும்பவும் அதே கதை. 11-வது பாரனெட் ஹெக்டரோட ஒரே மகன் 1918-லயே போயிட்டான். குலத்தலைமை மகள் வயித்துப் பேரனுக்கு, அவன் மன்றோன்னு பேர் வச்சுக்கிட்டான். பட்டம் வேற கிளைக்கு.

மாலதி அத்தை, 9:58
ட்ரெவெல்யன் குடும்பமும் அப்படித்தான். நெட்டில்கோம்ப் பட்டம் 1662. அந்த வரிசையில 6-வது வால்டர் 1879-ல குழந்தையில்லாம இறந்தார். பட்டம் அண்ணன் தம்பி வழியில ஒரு மகனுக்கு, வாலிங்டன் மாளிகை மட்டும் உயில்ல சார்லஸ் ட்ரெவெல்யனுக்கு. 1859-60-ல மெட்ராஸ் கவர்னரா இருந்தாரே, அவர்தான். அவருக்கு 1874-லயே தனியா ஒரு பாரனெட் பட்டம் இருந்தது. ஒரே குடும்பம், ரெண்டு பட்டம், ரெண்டு வரிசை எண்.

நித்யா, 10:02
அந்தக் காலத்துல பணம் கொடுத்து வாங்கினாங்களாமே?

சேகர் சித்தப்பா, 10:06
ஆமா, ஒளிவுமறைவே இல்லாம. 1611-ல முதலாம் ஜேம்ஸ் ஆரம்பிச்சப்போ விலை 1,095 பவுண்டு. அயர்லாந்துல இருக்கிற அல்ஸ்டருக்கு 30 சிப்பாய்க்கான சம்பளம், ஆளுக்கு நாளைக்கு 8 பென்ஸ், மூணு வருஷம். 30 × 8 = 240 பென்ஸ், அப்போ அது ஒரு பவுண்டு. 1,095 நாள். ஃபவுலிஸ் பட்டம் வேற கடை, நோவா ஸ்கோஷியா வரிசை, 1625-ல தொடங்கினது. அங்க 3,000 மெர்க், அது பழைய ஸ்காட்லாந்துக் காசு.

அருண், 10:08
இப்போ அப்பா இறந்தா பையன் தானா "சர்" ஆயிடுவானா?

மாலதி அத்தை, 10:15
உரிமை அந்த நிமிஷமே வந்துடும், ஆனா அதிகாரப்பூர்வமா "சர்"னு எழுத அரசோட பாரனெட் பட்டியல்ல பேர் ஏறணும். 1910 அரச ஆணைப்படி. முந்தையவரோட இறப்புச் சான்று, அவரோட திருமணப் பதிவு, கேட்கிறவரோட பிறப்புச் சான்று (அப்பா பேர் இருக்கிற முழுப் பிரதி), இதெல்லாம் வேணும். மூத்த அண்ணன் இருந்து இறந்திருந்தா, அவனுக்கு ஆண் வாரிசு இல்லைங்கிறதுக்கும் ஆதாரம். பெரும்பாலும் அந்தக் கடைசிக் காகிதத்துலதான் சிக்கும். தத்துப்பிள்ளைக்குக் கிடையாது.

சேகர் சித்தப்பா, 10:19
காகிதம் சரியா இருந்தாலும் போதாது இப்போ. பிரிங்கிள் வழக்கு. ஸ்டிச்சில் பட்டம், 1683. 10-வது பாரனெட் 2013-ல இறந்ததும் அவர் மகனும் அவரோட சித்தப்பா மகன் கிளையும் மோதினாங்க. 9-வது பாரனெட் உண்மையில 8-வதோட மகனே இல்லைன்னு டி.என்.ஏ. காட்டிடுச்சு. அந்த ஆதாரம் செல்லும்னு 2016-ல பிரிவி கவுன்சிலோட நீதிபதிகள் சொல்ல, பட்டம் 9-வதோட தம்பி கிளைக்குத் திரும்பிச்சு.

நித்யா, 10:22
பொண்ணுங்களுக்கு வரவே வராதா அத்தை?

மாலதி அத்தை, 10:26
ரொம்ப அபூர்வம். சில ஸ்காட்லாந்துப் பட்டயத்துல "ஆண் வாரிசு"ன்னு கட்டுப்பாடு இல்லை. டன்பார்னு பல பாரனெட் பட்டம் இருக்கு, அதுல ஹெம்ப்ரிக்ஸ் டன்பார் மட்டும் அப்படி. மோரீன் டன்பார் அந்தப் பட்டத்தோட "டேம்"னு ("சர்"க்குப் பெண்பால்) இருந்தாங்க, 1997 வரைக்கும். ஆனா எந்த டன்பார்னு பட்டயத்தைப் பார்க்காம சொல்லிடாதே.

அருண், 10:28
வேண்டாம்னு சொல்லலாமா?

சேகர் சித்தப்பா, 10:31
பிரபு பட்டத்தைத் துறக்க 1963 சட்டம் இருக்கு, பாரனெட்டுக்கு அது பொருந்தாது. பட்டியல்ல பேர் பதியாம சும்மா இருக்கலாம், அவ்வளவுதான். அவன் போன பிறகு மகன் வந்து பதிஞ்சுக்கலாம்.